மூன்றாவது ஓலை

போதகர் முதல் பாட்டின் எண்ணைச் சொல்லி முடிக்குமுன்பே யேசுவடியான் டீக்கனாருக்கு மூத்திரம் முட்டிவிட்டது.

கோயிலுக்குள் நுழையும்போதுதான் போய்விட்டு வந்திருந்தார். அதற்கு முன் வழியில் தாழம்புதர் மறைவில் ஒரு தடவை, அதற்கும் முன் வீட்டை விட்டு இறங்கும்போது ஒரு தடவை. ஆனாலும் முட்டிவிட்டது. சபை முழுவதும் பார்க்கும்படி முன்வரிசை பெஞ்சில் கால்மேல் காலை இறுக்கிப் போட்டுக்கொண்டு, பாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

எல்லாம் அந்த ரேடியத்தால் வந்த வினை. நான்கு மாதம் முன்பு மிஷன் ஆஸ்பத்திரியில் வெள்ளைக்கார டாக்டர் அவரைத் திருப்பித் திருப்பிப் படுக்கவைத்துப் பார்த்துவிட்டு, மூத்திரப் பைக்குக் கீழே புற்று என்றார். பிறகு ரேடியம் என்று ஊசி போன்ற ஒன்றை உள்ளே வைத்தார்கள். அதைக் கொண்டுவந்த நர்ஸ் நீளமான குறட்டின் நுனியில் பிடித்து, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு வந்ததைப் பார்த்தபோதே டீக்கனாருக்குப் பாதி உயிர் போய்விட்டது. மீதிப் பாதி பிழைத்துக்கொண்டது. கட்டி சுருங்கிவிட்டது. "இனி கொஞ்ச மாதம் அடிக்கடி போகும், எரியும். அடக்கக் கூடாது. தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும்" என்று சொல்லி டாக்டர் அனுப்பிவைத்தார்.

"டாக்டர் உயிரைத் தந்தாரு, சரி. அந்த உயிர வச்சுக்கிட்டு ஒரு இடத்துல இருக்க வழியில்லாம ஆக்கிட்டாரே" என்று டீக்கனார் மனைவி சத்தியபாயிடம் சலித்துக்கொள்வார். ராத்தூக்கம் போய் நான்கு மாதமாகிறது. உட்கார்ந்தால் எழும்ப வேண்டும், எழும்பினால் ஓட வேண்டும். ஐம்பத்தெட்டு வயதில் அவர் அலுத்துப்போயிருந்தார்.

விஷயம் சத்தியபாயைத் தவிர ஒரு குருவிக்குத் தெரியாது. திருவனந்தபுரத்தில் நில வஸ்து வழக்கு என்று ஊரில் சொல்லிவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார். காரணம் மகள் ஜெபகனி. மார்த்தாண்டத்துக் கருப்பட்டி வியாபாரி குமாரதாஸின் மகன் ஜான்ரோஸ் வாத்தியாருக்கு அவளைப் பேசி முடித்திருந்தது. புற்று ரத்தத்தில் இறங்கும் என்று நம்புகிற ஊர். பெண்ணின் தகப்பனுக்குப் புற்று என்று தெரிந்தால் மாப்பிள்ளை வீட்டார் வந்த வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார்கள். அதற்குப் பிறகு ஜெபகனியைக் கேட்டு எவனும் வரமாட்டான்.

இன்று முதலாவது ஓலை. கலியாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு சபையில் அறிவிப்பு வாசிக்க வேண்டும். காகிதத்தில்தான் எழுதியிருக்கும், பெயர் மட்டும் ஓலை. மாப்பிள்ளையின் தகப்பன் பெண் வீட்டுச் சபைக்கு வந்து ஓலை கேட்க வேண்டும் என்று சட்டமில்லை. ஆனாலும் குமாரதாஸ் வில்வண்டி கட்டிக்கொண்டு வந்து, டீக்கனாருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். மரியாதை தெரிந்த மனுஷன். பாட்டுக்கு நடுவில் மாட்டைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று ஒருமுறை வெளியே போய்வந்ததோடு சரி.

போதகர் காகிதத்தைப் பிரித்து ஜான்ரோஸ் பெயரையும் ஜெபகனி பெயரையும் வாசித்தார். பிறகு கண்ணாடிக்கு மேலாகச் சபையைப் பார்த்தார்.

"இந்த விவாகத்துக்குத் தடை உண்டு என்று அறிந்தவர் யாராவது இருந்தால், இப்போது எழுந்து நின்று சொல்லலாம்."

டீக்கனார் எழுந்து நின்றார்.

நிற்க வேண்டும் என்று நிற்கவில்லை. இன்னொரு நிமிடம் இருந்தால் பெஞ்சே சாட்சி சொல்லிவிடும் என்ற நிலைமை. எழுந்த பிறகுதான் போதகர் கேட்ட கேள்வி காதில் ஏறியது. பெண்கள் பக்கம் ஒரு பெருமூச்சு கிளம்பியது. சத்தியபாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பெண்ணைப் பெற்றவனே தடை சொல்ல எழும்பியதை அந்தக் கோயில் அதுவரை கண்டதில்லை.

"மாடு அவுந்துட்டு!" என்று டீக்கனார் சத்தம் போட்டுவிட்டுப் பக்கவாசல் வழியாக ஓடினார்.

கோயிலுக்குப் பின்னால் மறைவுக்கு மூன்று புன்னை மரங்கள் உண்டு. பெரிய மரத்தடியில் குமாரதாஸின் வண்டிக்காரன் நாராயணபெருமாள் செம்பு நிறையத் தண்ணீரோடு நின்றான்.

"இஞ்ச என்னடே செய்யா?" என்றார் டீக்கனார், காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு.

"மொதலாளிக்கு மொகம் கழுவ வெள்ளம்" என்றான் அவன், அசையாமல்.

டீக்கனார் அவனைத் திட்டிக்கொண்டே மதிலோரம் ஓடினார்.

ஆராதனை முடிந்ததும் குமாரதாஸ் கோபப்படவில்லை. முகம் வெளுத்துப்போய் டீக்கனாரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மச்சான், ஒம்ம மனசுல எதாவது உண்டுமானா சபையில வச்சுச் சொல்லாண்டாம். எனக்கிட்டத் தனியாச் சொல்லும். நான் எதுக்கும் கட்டுப்பட்ட ஆளாக்கும்."

"ஒண்ணும் இல்ல அத்தான். மாடுதான்."

"நீரு நடந்துல்லா வந்தீரு? எனக்க மாடு கெட்டின இடத்துலல்லா நிக்கு?"

டீக்கனார் அவசரமாகக் கையை விடுவித்துக்கொண்டு மறுபடி மதில் பக்கம் நடந்தார்.

செவ்வாய்க்கிழமை குமாரதாஸ் வீட்டுக்கே வந்துவிட்டார். ஒரு குலை மட்டிப்பழம், ஒரு பனையோலைக் கொட்டான் நிறையக் கருப்பட்டி. சத்தியபாய் சுக்குக்காப்பி கொண்டுவந்தாள். அவர் அதைத் தொடவில்லை.

"தோப்பப் பாத்துட்டு வாறேன்" என்று எழும்பினார்.

வந்து உட்கார்ந்து, மழையைப் பற்றி நாலு வார்த்தை பேசினார். "அந்தத் தோப்ப ஒருக்கா பாத்துட்டு வாறேன்" என்று மறுபடி எழும்பினார். டீக்கனார் அந்த இடைவெளியில் புறவாசலுக்கு ஓடி வந்தார்.

"பாத்தியாட்டி? தோப்புல குத்தம் தேடுகாரு. வண்டு விழுந்த மரம் எத்தனைன்னு எண்ணுகாரு. கலியாணத்த முறிக்க ஒரு காரணம் வேணும் அவருக்கு" என்று மனைவியின் காதில் சொன்னார்.

"அவருட்ட உள்ளதச் சொல்லிருங்களேன்" என்றாள் சத்தியபாய். "மனுஷனப் பாத்தா நல்லவராத் தெரியுது."

"எதைச் சொல்ல? புத்துன்னு சொல்லவா? உனக்க மவ வீட்டுலயே இருந்து நரைக்கட்டும்னு சொல்லுகியா?"

சத்தியபாய் ஆறிப்போன காப்பியை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனாள்.

மூன்றாவது முறை குமாரதாஸ் தோப்புக்கு எழும்பியபோது டீக்கனாரும் கூடவே கிளம்பினார். நல்ல மரங்களைக் காட்டி அவர் மனதை மாற்றிவிடலாம் என்று ஒரு யோசனை.

"ஒமக்குச் சோலி இருக்கும் மச்சான். நான் பைய பாத்துட்டு வாறேன்."

"நீங்க வந்திருக்க நேரம் எனக்கு வேற என்ன சோலி அத்தான்?"

இரண்டு பேரும் தென்னைகளுக்கு நடுவே நடந்தார்கள். ஒவ்வொரு மரமாக நின்றார்கள், அண்ணாந்து பார்த்தார்கள். டீக்கனாருக்கு முட்டிக்கொண்டு வந்தது. இந்த மனுஷன் ஒரு நிமிடம் அந்தப் பக்கம் போனால் போதும். போவதாயில்லை.

"அந்த மூலையில நிக்கது என்ன மரம்?" என்றார் குமாரதாஸ். நெற்றியில் வேர்வை.

"அயனி."

"அதைப் பாத்துட்டு வாறேன். நீரு இஞ்சயே நில்லும்."

"நானும் வாறேன்."

"வேண்டாம், முள்ளு கெடக்கும்."

"எனக்கத் தோப்புல எனக்கு முள்ளா அத்தான்?"

அவ்வளவுதான். குமாரதாஸ் சட்டென்று திரும்பி, கிட்டத்தட்ட ஓட்டமாகப் போய், "நாராயணபெருமாளே, வண்டியப் பூட்டு!" என்று கத்தினார். போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை. வண்டி குளத்து வளைவு தாண்டிக் கொஞ்ச நேரம் நின்றது. கடைசியாக ஒருமுறை தோப்பைக் கணக்கெடுக்கிறார் என்று நினைத்துக்கொண்டு, டீக்கனார் அயனி மரத்துக்குப் பின்னால் போனார்.

இரண்டாவது ஞாயிறுக்கு டீக்கனார் முன்னேற்பாடு செய்தார். சனிக்கிழமை மத்தியானத்தோடு தண்ணீரை நிறுத்தினார். டாக்டர் சொன்னதற்கு நேர் எதிர். பலன், எரிச்சல் இரட்டித்தது. சொட்டுச் சொட்டாக, ஆனால் ஐந்து நிமிடத்துக்கு ஒருதரம் போகவேண்டியதாயிற்று. முதுகுவலி என்று சொல்லிக் கடைசி பெஞ்சில், வாசலோரம் உட்கார்ந்தார். முன்வரிசையில் அவர் இடம் பல் விழுந்தது மாதிரி காலியாகக் கிடந்தது. சம்பந்தி பக்கத்தில் இருக்க மாட்டேன் என்கிறார் என்று இரண்டாம் பாட்டுக்குள் சபை முடிவு செய்துவிட்டது.

அப்போது குமாரதாஸ் முன்வரிசையிலிருந்து எழும்பி நேராகப் பின்னால் வந்தார்.

"கொஞ்சம் உள்ளத் தள்ளி இரியும் மச்சான். எனக்கு வாசலோரம் காத்து வேணும்."

சம்பந்தி கேட்டு மறுக்க முடியுமா? டீக்கனார் உள்ளே தள்ளினார். ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் குமாரதாஸ். போதகர் ஓலையைக் கையில் எடுத்ததும் டீக்கனார் பதறிப்போய், கேள்வி வருமுன்பே வெளியேறிவிடலாம் என்று சம்பந்தியின் முழங்காலைத் தாண்டினார். குமாரதாஸ் அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டார்.

"மச்சான், சொல்லிராதயும்! ஒமக்குப் புண்ணியமாப் போவும், எனக்க மவனுக்காகச் சொல்லிராதயும்!"

"வேட்டிய விடுங்க அத்தான்!"

சபை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. போதகர் வாசிப்பை நிறுத்தினார்.

"டீக்கனார் என்னமோ சொல்ல எழும்பியிருக்கீரு போலிருக்கே?"

"ஜன்னல் அடைக்கணும். காத்து" என்றார் டீக்கனார். வெளியே ஓர் இலை அசையவில்லை.

சனிக்கிழமை போதகர் குடையோடு வீட்டுக்கு வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து வெகுநேரம் தொண்டையைக் கனைத்தார்.

"டீக்கனாரே, ரெண்டு வாரம் நான் கண்டும் காணாம விட்டேன். நாளைக்கு மூணாவது ஓலை. நாளைக்கும் நீரு எழும்பினா, அதைத் தடையின்னு எழுதத்தான் வேணும். கலியாணம் நிக்கும். இல்ல, எழும்பினதுக்குக் காரணத்தச் சபையில சொல்லணும்."

அவர் போன பிறகு உள்ளே ஜெபகனி அழுகிற சத்தம் கேட்டது.

"அப்பாவுக்கு அவிய வீட்டு ஆளுவளப் பிடிக்கலையா அம்மா?"

சத்தியபாய் என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை. டீக்கனார் கட்டிலில் உட்கார்ந்து தன் பாதங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். போகாமல் இருந்துவிடலாம் என்றால், தகப்பன் வராததும் தடைதான். இந்த உடம்பை இழுத்துக்கொண்டு இனியும் எத்தனை பொய் சொல்வது? செத்துப்போயிருந்தால்கூட அவள் கலியாணம் ஒழுங்காய் நடந்திருக்கும் என்று தோன்றியபோது, அவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். உடனே எழும்பிப் புறவாசலுக்கும் போகவேண்டியிருந்தது.

மூன்றாவது ஞாயிறு. டீக்கனார் வேட்டிக்குள் பழைய கம்பளித் துணியை நாலாக மடித்துக் கட்டிக்கொண்டு, நனைந்தாலும் நனையட்டும், எழும்புவதில்லை என்று முன்வரிசையில் தன் இடத்தில் உட்கார்ந்தார். குமாரதாஸ் பக்கத்தில். இரண்டு பேருக்கும் முகம் கல்லாயிருந்தது. ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

போதகர் ஓலையை வாசித்தார். டீக்கனார் பெஞ்சின் விளிம்பை இரண்டு கையாலும் பற்றினார்.

"தடை உண்டு என்று அறிந்தவர் யாராவது இருந்தால்..."

போதகரின் பார்வை டீக்கனார் மேல் நின்றது. சபையின் பார்வையும் அங்கேதான். டீக்கனார் கண்ணை மூடி, பல்லைக் கடித்து, ஜெபகனியை நினைத்துக்கொண்டார்.

"...இப்போது எழுந்து நின்று சொல்லலாம்."

பெஞ்சு கிறீச்சிட்டது. யாரோ எழும்பினார்கள். எழும்பியது தானல்ல என்று டீக்கனாருக்கு உறைக்க ஒரு நொடி ஆயிற்று. கண்ணைத் திறந்தால், குமாரதாஸ் நின்றுகொண்டிருந்தார்! வாயைத் திறந்தார், மூடினார், பக்கவாசல் வழியாக ஓடினார்.

முறித்துவிட்டார். மூன்று வாரம் தோப்பையும் தன்னையும் நோட்டமிட்டுக் கடைசியில் சபை நடுவில் முறித்துவிட்டார். அதுவரை டீக்கனார் தேக்கிவைத்திருந்த எல்லாமே ஒரே நேரத்தில் உடைய வந்தது.

"அத்தான்! வாக்கு மாறாதீய! எனக்க மவ என்ன பாவம் செஞ்சா?" என்று அலறிக்கொண்டு அவரும் எழும்பி ஓடினார். பின்னால் போதகரின் கையிலிருந்து ஓலை விழுந்தது.

வெளியே வண்டி நின்ற இடத்திலேயே நின்றது. குமாரதாஸைக் காணவில்லை. தேட நேரமில்லை. டீக்கனார் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கோயிலுக்குப் பின்னால் பாய்ந்து, பெரிய புன்னை மரத்தை நோக்கி ஓடினார். நாராயணபெருமாள் செம்பைக் கீழே போட்டுவிட்டு, இரண்டு கையையும் விரித்து வழியை மறித்தான்.

"ஆருட்டயும் சொல்லப்பிடாதுன்னு எனக்கு உத்தரவு, ஆனாலும் சொல்லுகேன் டீக்கனாரே, நீங்க அடுத்த மரத்துக்குப் போங்க; ஆஸ்பத்திரியில ரேடியம் வச்சிட்டு வந்ததுல இருந்து எங்க மொதலாளிக்கு அடக்க முடியாது, மூணு வாரமா இது அவருக்க மரமாக்கும்!"