சம்பலைப் பார்த்தவர்கள்

"ஐநூறு பேருக்கு மேல பார்த்துட்டாங்க. ஒருத்தன்கூட வாங்கல. ஏன்?"

ஜோஆன் இதைக் கேட்டது, மிளகாய் அரைத்துச் செய்த நெத்திலிச் சம்பல் போத்தல்களிடம். உலு திராம் வீட்டின் ஐஸ்பெட்டிக்குள் அவை நெருக்கியடித்து நின்றன. பதில் சொன்னது, கையில் மீன் பையோடு பின்னால் நின்ற அம்மா.

"ஏன்னா ஐஸ்பெட்டி முழுக்க நீ புடிச்சுக்கிட்ட. இந்த மீன எங்க வைக்க? உன் தலையிலயா?"

அந்தக் குடும்பத்தின் முதல் பட்டதாரி ஜோஆன். வணிக நிர்வாகம் படித்தவள். அந்தப் பட்டத்தால் இதுவரை வீட்டுக்குக் கிடைத்த நன்மை, யாருடைய கைப்பேசியிலாவது எழுத்து சின்னதாகிப் போனால் பெரிதாக்கித் தர ஓர் ஆள். வேலை கேட்டு அவள் அனுப்பிய விண்ணப்பங்களுக்கு வந்த ஒரே நல்ல பதில் செனாய் தொழிற்பேட்டையிலிருந்து. ஸ்டோர் கிளார்க். பள்ளியில் ஐந்தாம் படிவத்தோடு படிப்பை முடித்தவர்கள் பார்க்கும் வேலை, அவர்கள் வாங்கும் சம்பளம். வெள்ளிக்கிழமைக்குள் சம்மதம் சொல்ல வேண்டும். அதற்குள் சம்பல் விற்றுவிட்டால் போக வேண்டாம். விற்காவிட்டால், படித்த படிப்பையும் பட்ட கோபத்தையும் சோற்றோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு போக வேண்டியதுதான்.

அதனால் ஆன்லைன் விற்பனை ஆப் ஒன்றில் சம்பலைப் போட்டிருந்தாள். படத்துக்குக் கீழே சின்னதாக ஒரு கண். அதன் பக்கத்தில், எத்தனை முறை பார்க்கப்பட்டது என்று ஓர் எண். அந்த எண் தினமும் ஏறியது. ஏறுவது மட்டும்தான் அதற்குத் தெரிந்த வேலை.

அப்பா மரியநாதன் செனாய்க்குத் தொழிற்சாலை பஸ் ஓட்டுகிறவர். மாலையில் வந்ததும் சட்டையைக் கழற்றுவதற்கு முன்பே கேட்பார்.

"ஜோ, இன்னிக்கு எவ்ளோ ஏறியிருக்கு?"

"அறுநூறு தாண்டிருச்சுப்பா."

"ஆண்டவரே!" என்று நெற்றியில் சிலுவை போட்டுக்கொள்வார். யாராவது வாங்கினார்களா என்று மட்டும் கேட்க மாட்டார். கேட்டால் மகள் மனம் நோகும் என்று பயப்படுகிறார் போலிருக்கிறது, பாவம் என்று ஜோஆன் நினைத்துக்கொண்டாள்.

முதலில் அவள் படத்தைச் சந்தேகப்பட்டாள். வெறும் போத்தல் அழகாகவா இருக்கும்? தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக் பொட்டலம் வாங்கிவந்து, அதில் இருந்த சம்பலை வழித்து எறிந்துவிட்டுத் தன் சம்பலை வைத்துப் படம் எடுத்தாள். எண் இரட்டிப்பானது. ஆர்டர் வரவில்லை.

அடுத்து விலையைச் சந்தேகப்பட்டாள். குறைத்தாள். எண் மறுபடி ஏறியது. இம்முறை ஒரு செய்தியும் வந்தது. உடனே திறந்தாள்.

"போத்தல் மட்டும் கிடைக்குமா?"

அந்த ஆளுக்கு அவள் எழுதிய பதிலை இங்கே அச்சிட முடியாது.

பிறகுதான் ஆப்பின் உள்ளே மணிவாரியான ஒரு வரைபடம் இருப்பதைக் கண்டுபிடித்தாள். விடியற்காலையில் ஒரு மலை. மாலையில் ஒரு மலை. நடுவில் பொட்டல். கோபம் எங்கோ போய்விட்டது. பல்கலைக்கழகத்தில் எந்தப் பாடத்துக்கும் வராத ஆர்வம் வந்தது. யார் இவர்கள்? விடிந்ததும் எழுந்து சம்பலை ஏன் பார்க்கிறார்கள்? பார்த்துவிட்டு எங்கே போகிறார்கள்?

"வேலைக்குப் போறவங்கம்மா!" என்று சமையலறைக்கு ஓடினாள். "காலையில பசியோட போறப்பவும் பார்க்கிறாங்க, சாயங்காலம் பசியோட திரும்புறப்பவும் பார்க்கிறாங்க. எவ்ளோ தெளிவா இருக்கு பாருங்க!"

"பசிச்சா தின்னுவாங்க. போன எதுக்குப் பார்க்கிறாங்க?"

"உங்களுக்கு மார்க்கெட்டிங் புரியாது."

"மீன் நாறுறது புரியும்."

ஞாயிற்றுக்கிழமை மட்டும் காலை மலை கொஞ்சம் நகர்ந்து, தேவாலயத்தில் பூசை முடிகிற நேரத்தில் போய் நின்றது. அதற்கும் ஜோஆனிடம் விளக்கம் இருந்தது. லீவு நாள், எல்லாரும் தாமதமாகத்தான் எழுவார்கள்.

இவ்வளவு பேர் இத்தனை நாள் பார்த்துக்கொண்டே இருந்தால் என்ன பொருள்? யோசிக்கிறார்கள். யோசிக்கிறவர்கள் ஒருநாள் மொத்தமாக முடிவெடுப்பார்கள். அன்று சரக்கு இல்லையென்றால் மானம் போகும். ஜோஆன் மறுபடி ஒரு சட்டி நெத்திலியைப் பொரித்தாள். வீடு முழுக்க மிளகாய் நெடி. அப்பா இருமிக்கொண்டே வந்து எட்டிப் பார்த்தார்.

"எதுக்கும்மா இவ்ளோ? படத்துக்கு ஒரு போத்தல் போதாதா?"

"என்னப்பா, நீங்களும் என்னைக் கிண்டல் பண்றீங்களா?"

"ஐயோ, இல்லடா. கண்ணு எரியுதேன்னு சொன்னேன்."

புதுப் போத்தல்கள் ஐஸ்பெட்டிக்குள் போயின. அம்மாவின் மீன் எதிர்வீட்டு கெர்ட்ரூட் ஆன்ட்டியின் ஐஸ்பெட்டிக்கு அகதியாகப் போனது.

வெள்ளிக்கிழமை தொழிற்சாலையிலிருந்து அழைத்தார்கள். ஜோஆன் கண் படத்தின் பக்கத்தில் இருந்த எண்ணைப் பார்த்தாள். இரண்டாயிரத்தைத் தொட்டிருந்தது. முதுகை நிமிர்த்திக்கொண்டு, தனக்குச் சொந்தத் தொழில் இருக்கிறது, இரண்டாயிரம் வாடிக்கையாளர்கள் காத்திருக்கிறார்கள் என்று சொன்னாள். அந்தப் பக்கம் இருந்த பெண், "தஹ்னியா" என்று மலாயில் வாழ்த்திவிட்டு வைத்தாள். வேலை போயிற்று.

அம்மா அடுப்பை அணைத்துவிட்டுத் திட்டினார். "அலமாக்! என்ன பொண்ணு இவ? கையில வந்த வேலைய வேணாங்கிறா!"

அப்பாவும் கத்துவார் என்று ஜோஆன் தயாராக இருந்தாள். அவரோ முகம் மலர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"விடு. நல்லதுதான் செஞ்சிருக்கா. உட்கார்ந்த இடத்துல ஏறுறப்ப, இன்னொருத்தன்கிட்ட போயி எதுக்குக் கை கட்டணும்?"

வாழ்க்கையில் முதல் தடவையாக ஓர் ஆண் தன் திட்டத்தைப் புரிந்துகொண்டான் என்று ஜோஆனுக்குக் கண் கலங்கியது.

சனிக்கிழமை காலை கெர்ட்ரூட் ஆன்ட்டி வாசலில் வந்து நின்றாள். அப்பாவின் பஸ்ஸில்தான் அவளும் வேலைக்குப் போய் வருகிறாள்.

"உங்க மீன எப்ப எடுப்பீங்க? என் கேக்குல வரைக்கும் கெளுத்தி வாசம் லா!"

அம்மா மன்னிப்புக் கேட்டுக்கொண்டே ஐஸ்பெட்டியைத் திறந்து காட்டினார். போத்தல்களைப் பார்த்து ஆன்ட்டி வாயைப் பிளந்தாள். ஜோஆன் ஒன்றைத் திறந்து ஸ்பூனோடு நீட்டினாள். ஆன்ட்டி ஒரு வாய் எடுத்தாள். பிறகு ஸ்பூனை வைத்துவிட்டு விரலால் எடுத்தாள்.

"எம்மா, என்னா ருசி! இத்தனையும் யாருக்கு?"

"விக்கிறதுக்கு ஆன்ட்டி. ஆப்ல போட்டிருக்கேனே, நீங்க பார்க்கலயா?"

"பார்க்காம இருப்பனா? தினமும் பார்க்கிறேனே!"

ஜோஆன் ஆன்ட்டியை நெருங்கி நின்றாள். அந்தக் கண்ணுக்கு முதன்முதலாக ஒரு முகம் கிடைத்திருக்கிறது. இத்தனை நாள் வரைபடத்திடம் கேட்டதையெல்லாம் ஒரே மூச்சில் கேட்டாள்.

"அப்ப ஏன் ஆன்ட்டி வாங்கல? விலை கூடவா? படம் சரியில்லையா? காரம்னு பயமா?"

கெர்ட்ரூட் ஆன்ட்டி விரலை வாயிலிருந்து எடுத்துவிட்டு அவளை விழித்துப் பார்த்தாள்.

"வாங்க வேற செய்யணுமா? ஒவ்வொரு தடவ பார்த்தாலும் உனக்குக் காசு ஏறுதுன்னு உங்கப்பா சொன்னாரே! நம்ம பிள்ளைக்குன்னு, ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும், மத்த நாள்ல பஸ்ல ஏறுனா இறங்குற வரைக்கும், அத்தன பேரும் அமுக்கிக்கிட்டேதானே லா வர்றோம்!"