நாலாயிரம் அடி உயரத்தில் ஒற்றைத் தும்மல்

என் கணவரை இருபத்திரண்டு வருஷமாக ஒரே ஒரு விஷயத்துக்காகக் கேலி செய்து வந்தேன். அத்தனை கேலிக்கும் சேர்த்து, கதவு திறந்திருந்த ஒரு குட்டி விமானத்தில், நாலாயிரம் அடி உயரத்தில் வைத்து எனக்குப் பதில் கிடைத்தது. அதை நானே எழுதிவிடுவது நல்லது. என் பெண் எழுதினால் இன்னும் மோசமாக இருக்கும்.

விஷயம், தும்மல். திருவனந்தபுரம் கரமனையில் எங்கள் தெருவில் இரண்டு வீட்டுக்கு ஒரு சுவர்தான். யார் தும்மினாலும் அடுத்த வீட்டுக்குக் கேட்கும். வெளியே கிளம்பும்போது ஒற்றைத் தும்மல் கேட்டால் ஆகாது. திரும்பி வந்து உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் போக வேண்டும். இரட்டைத் தும்மல் என்றால் தோஷமில்லை. இந்தச் சட்டத்தை என் கணவர் அட்சரம் பிசகாமல் கடைப்பிடிப்பவர். செருப்பைக் கழற்றி, பெஞ்சில் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, மறுபடி செருப்பைப் போடுவதற்குள் எட்டே முக்கால் பஸ் போய்விடும். பக்கத்து வீட்டு மாமாவுக்கு ஜலதோஷம் பிடித்தால் அந்த வாரம் முழுக்க இவருக்கு ஆபீசில் லேட்.

"ஒரு தும்மலுக்குப் பயந்துண்டு உக்காந்திருக்கேளே, வெக்கமா இல்லையா?" என்பேன். அவர் டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "போயிட்டு வரேன், கோமு" என்பார். அவ்வளவுதான். திருப்பிச் சொல்ல மாட்டார். (சொல்லியிருந்தால் என் வாய் இவ்வளவு நீண்டிருக்காது.)

எனக்கும் வீட்டில் ஒரு பெயர் உண்டு. எதையும் பாதியில் விடுபவள். நீச்சல் வகுப்பில் தண்ணீர் முழங்காலுக்கு வந்ததும் நின்றேன். கார் ஓட்டக் கற்றபோது ரிவர்ஸ் வரை வரவே இல்லை. வீணை பீரோவின் மேல் படுத்திருக்கிறது. நாற்பத்தாறு வயதில், தம்பானூரில் பஸ்ஸுக்காகக் காத்திருந்த ஒரு சாயங்காலம், சுவரில் அந்த விளம்பரத்தைப் பார்த்தேன். ஸ்கை டைவிங், புதிதாகக் கற்பவர்களுக்கு. இரண்டு வாரக் கடைசிகள் ஊரிலேயே தரைப் பயிற்சி. மூன்றாவது ஞாயிறு திருநெல்வேலிப் பக்கம் ஒரு பழைய ஓடுதளத்திலிருந்து விமானம் ஏறிக் குதிப்பது.

வீட்டில் சொன்னேன். காலேஜில் படிக்கும் என் பெண் வித்யா போனிலிருந்து தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"அம்மா, நீ பிளேன்ல ஏறுவே. அதே பிளேன்லயே திரும்பி எறங்குவே. உறப்பாக்கும்."

(உறப்பு என்றால் எங்கள் ஊரில் நிச்சயம்.) சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனாலும் எனக்கு வலித்தது. அம்மா என்றால் பாதியில் நிற்பவள் என்று அவள் மனதில் எழுதி ஒட்டியாகிவிட்டது. இந்த ஒன்றையாவது முடித்துக் காட்டாமல் விடுவதில்லை என்று மறுநாளே பெயர் கொடுத்தேன்.

கணவர், "ஜாக்கிரதையா போ" என்றார். "தும்மலுக்கு உக்கார்ற மனுஷர் எனக்கு தைரியம் சொல்ல வேண்டாம்" என்றேன். (இந்த வாக்கியத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அவர் வைத்துக்கொண்டார்.)

பயிற்சியாளர் ஜிஜோவுக்கு முப்பது வயது இருக்கலாம். அவர் என்னைச் சேச்சி என்பார், நான் அவரைச் சார் என்பேன். பெஞ்சில் குப்புறப் படுத்து உடம்பை வில்லாக வளைக்க வேண்டும். இறங்கும்போது இரண்டு காலையும் சேர்த்து வைத்து, தரை பட்டதும் பக்கவாட்டில் உருள வேண்டும். நான் வீட்டில் கட்டிலிலிருந்து மெத்தைமேல் குதித்துப் பழகினேன்.

"ஏண்டி கோமு, கார்த்தாலேருந்து ஆத்துல என்னமோ விழுந்துண்டே இருக்கே?" என்று சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து மாமி கேட்டாள்.

"நான்தான் மாமி."

"ஓ, நீயா? நான் அரிசி மூட்டையாக்கும்னு நெனைச்சேன்."

அந்த ஞாயிறும் வந்தது. விமானத்தில் பைலட், ஜிஜோ, நான், இன்னொரு மாணவரான நாகர்கோவில் பல் டாக்டர். முதலில் குதிக்க வேண்டியவள் நான். என் பாராசூட்டை ஒரு பட்டை விமானத்தோடு இணைத்திருந்தது. நான் குதித்தால் போதும், பட்டை இழுத்து அது தானே விரிந்துவிடும். அதாவது, குதிப்பதைத் தவிர என்னிடம் யாரும் எதையும் எதிர்பார்க்கவில்லை.

வாசலில் உட்கார்ந்து இரண்டு காலையும் வெளியே தொங்கவிட்டேன். கீழே வயல்களும் ஒரு குளமும் தெரிந்தன. பைலட் எஞ்சின் சத்தத்தைக் குறைத்தார். "சேச்சி, சாடிக்கோ!" என்று குதிக்கச் சொல்ல ஜிஜோ வாயைத் திறந்தார். காலையிலிருந்தே அவருக்கு மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. சொல்லுக்குப் பதிலாகத் தும்மல் வந்தது. என் பிடரியிலேயே பட்டது. ஒன்றுதான்.

நான் எதுவும் யோசிக்கவில்லை, சத்தியமாக. கால் இரண்டும் தானாக உள்ளே வந்தன. திரும்பி, விமானத்தின் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

"எந்தா சேச்சி?"

"தும்மிட்டேளே சார்."

"ஸாரி, ஸாரி. சாடிக்கோ."

"ஒத்தைத் தும்மல் சார். இன்னொண்ணு போடுங்கோ. இல்லேன்னா ஒரு வாய் தண்ணி குடுங்கோ."

விமானத்தில் தண்ணீர் இல்லை. ஜிஜோ உதவிக்குப் பல் டாக்டரைப் பார்த்தார். படித்தவர், கத்தியும் ஊசியும் பிடிப்பவர், எடுத்துச் சொல்வார் என்று நினைத்திருப்பார். டாக்டரோ தன் பெல்ட்டை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"அவிய சொல்லது சரிதான் சார். ஒத்தத் தும்மலுக்கு நாங்களும் வீட்ட விட்டு எறங்க மாட்டோம்லா."

குதிக்க வேண்டிய இடம் எங்களுக்குக் கீழே கடந்து போய்விட்டது. ஜிஜோ பைலட்டைப் பார்த்துக் கையைச் சுழற்றிக் காட்டினார். இன்னொரு சுற்று.

அந்தச் சுற்று முடிய நாலைந்து நிமிஷம் ஆகியிருக்கும். எனக்கு அவமானத்தில் காது சுட்டது. இருபத்திரண்டு வருஷம் அந்த மனுஷரை என்னவெல்லாம் சொன்னேன்! இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். அந்தத் தும்மல் எனக்கு உள்ளூர சந்தோஷமாகவும் இருந்தது. அப்படியே உட்கார்ந்திருந்தால் யாரும் என்னைத் தள்ளிவிடப் போவதில்லை. அதே பிளேனில் இறங்கிவிடலாம். உறப்பாக்கும்.

மறுபடி எஞ்சின் சத்தம் குறைந்தது. ஜிஜோ மூக்கைத் தேய்த்தார், கண்ணை மூடினார், வாயைத் திறந்தார்.

"அ... ச்சு!"

அவ்வளவு சுத்தமாக, எழுத்துக் கூட்டி யாரும் தும்ம மாட்டார்கள். டாக்டர் என்னைப் பார்த்து, "போதும், இதச் சேத்துக்கிடலாம்" என்றார். பச்சைப் பொய் என்று எனக்குத் தெரியும். நான் டாக்டரைப் பார்த்தேன், வித்யாவை நினைத்தேன், காலை வெளியே போட்டேன். குதித்தேன்.

பழகிய வில்லெல்லாம் மறந்துபோயிற்று. கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தேன். தோளைப் பிடித்து யாரோ தூக்கியது போல ஒரு இழுப்பு. கண்ணைத் திறந்தால் தலைக்கு மேல் பாராசூட் விரிந்திருந்தது. சத்தமே இல்லை. நான் அழுதேன். பயத்தில் இல்லை. ஹெல்மெட் ரேடியோவில் கீழேயிருந்து ஒருவர் "வலது, வலது" என்றார். நான் பக்தியோடு இடது கயிற்றை இழுத்துக்கொண்டே இருந்தேன். ஓடுதளம் ஒரு பக்கம் போயிற்று, நான் ஒரு பக்கம் போனேன். கடைசியில் ஒரு தரிசில், ஆட்டு மந்தைக்கு நடுவில் விழுந்து உருண்டேன். (உருண்டது மட்டும் புத்தகப்படி.)

ஆடுகள் சிதறின. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அம்மாள் கம்போடு வந்து நின்றார்.

"யாத்தாடி! எங்கிருந்து வாறிய?"

"திருவனந்தபுரம்" என்றேன். வேறெதுவும் வாயில் வரவில்லை.

"ஏன், பஸ்ஸு ஓடலையா?"

பிறகு அவராகவே தூக்குவாளியைத் திறந்து, "உக்காந்து ஒரு வாய் தண்ணி குடிங்க" என்றார். உட்கார்ந்து குடித்தேன்.

நான் குதித்துவிட்டேன் என்று மட்டும் வீட்டில் சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஜிஜோவின் ஹெல்மெட்டில் கேமரா இருந்ததை நான் யோசிக்கவில்லை. மூன்றாம் நாள் வீடியோ வந்தது. வித்யா அதை டி.வி.யில் போட்டாள். "இன்னொண்ணு போடுங்கோ" வந்த இடத்தில் சோபாவிலிருந்து தரைக்கு வந்துவிட்டாள். நாலு தடவை திருப்பித் திருப்பிப் போட்டுச் சிரித்தாள். ஐந்தாவது தடவை நான் குதிக்கிற இடத்தில் நிறுத்தி, கொஞ்ச நேரம் பார்த்தாள். "சாடிட்டியே, அம்மா" என்றாள். அவள் குரலில் கேலி இல்லை. எனக்கு அது போதும்.

கணவர் மட்டும் சிரிக்கவே இல்லை. எல்லாவற்றையும் சேர்த்து வைத்துச் சொல்லப்போகிறார் என்று நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"கோமு, அந்த ரெண்டாவது தும்மல் நிஜமா?"

"இல்லை. பொய்த் தும்மல்."

"பொய்யின்னு உனக்கு அப்பவே தெரியுமா?"

"தெரியும்."

அவர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். "பொய்யின்னு தெரிஞ்சுமா குதிச்சே?" என்றார். நாலாயிரம் அடி அவருக்கு ஒரு பொருட்டாகவே படவில்லை. இந்த ஜன்மத்தில் அவர் என்னைப் பார்த்து வியந்தது அந்த ஒரு தடவைதான்.

இப்போது அவர் கிளம்பும்போது எங்கேயாவது ஒற்றைத் தும்மல் கேட்டால், உள்ளேயிருந்து வித்யா "அ... ச்சு!" என்று எழுத்துக் கூட்டிச் சேர்த்துவிடுகிறாள். அவள் காலேஜுக்குப் போயிருந்தால் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து மாமியே போட்டுவிடுகிறாள். அவர் வாசற்படியில் ஒரு நிமிஷம் நிற்பார். திரும்பி என்னைப் பார்ப்பார். "சாடிக்கோங்கோ" என்பேன். எட்டே முக்கால் பஸ்ஸை அவர் தவறவிட்டுப் பல மாதம் ஆகிறது.