கம்ப்யூட்டரில் காட்டாத கருகல்

இருப்பதோடு இன்னும் கொஞ்சம் சேர்ப்பது சுலபம் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். வீட்டுக்கு ஓர் அறை கூட்டிக் கட்டுவார்கள். பழைய கதவைத் திறந்தால் புதுச் சுவரில் முட்டும். பிள்ளைகளே, அப்படிப்பட்டவர்களின் வரிசையில் உங்கள் அப்பாவாகிய எனக்கே முதல் இடம்.

அப்போது கொடகவெலப் பக்கத்துத் தோட்டமொன்றில், தேயிலை ஸ்டோரில் எனக்கு வேலை. (நம் ஆட்களுக்கு ஃபெக்டரி என்றால் ஸ்டோர்தான்.) ஓ.எல். பரீட்சை வரை படித்து, எம்பிலிப்பிட்டியவில் ஒரு கம்ப்யூட்டர் வகுப்பையும் எட்டிப் பார்த்திருந்ததால், என்னைக் கண்ணாடி அறைக்குள் ஒரு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தார்கள். கொழுந்து வாட்டும் தொட்டிகளும் தூள் காய வைக்கும் டிரையரும் திரையில் படமாகத் தெரியும். பக்கத்தில் சூட்டைக் காட்டும் எண். சரியாக இருந்தால் பச்சை, கூடினால் சிவப்பு, குறைந்தால் மஞ்சள். மஞ்சள் வந்தால் நான் ஜன்னலைத் திறந்து, அடுப்படியில் நிற்கும் முனியாண்டி அண்ணனிடம் விறகு போடச் சொல்லிக் கத்த வேண்டும். (இதைத்தான் ஊரில் 'கம்ப்யூட்டர் கண்ட்ரோல்' என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.)

கொழும்புக் கம்பனி அதைப் பொருத்தியபோது ஸ்டோர் சின்னது. படங்கள் திரையில் அளவாக நிறைந்திருந்தன. பிறகு சுற்றுக் கிராமத்துக் கொழுந்தும் லொறி லொறியாக வர, தொட்டிகள் கூடின. திரையில் இடமில்லை. நான் திரையின் ஓரத்தில் காகிதம் ஒட்டி, புதுத் தொட்டிகளைப் பென்சிலால் வரைந்தேன். அதற்குப் பக்கத்தில் இன்னொரு காகிதம். கடைசியில் காகிதம் திரையைவிடப் பெரிதாகிவிட்டது.

ஸ்டோருக்குப் பெரியவரான டீமேக்கர் மாத்தயா அதைப் பார்த்தார். "மல்லி, இதுக்குக் கம்ப்யூட்டர் எதுக்கு? கறுப்புப் பலகை போதும்தானே?" (அவர் சிங்களவர். தம்பி என்பதைத்தான் மல்லி என்பார். மாத்தயா என்றால் ஐயா.)

அடுத்து இரண்டாவது டிரையரே வந்துவிட்டது. வயர் இழுத்தாயிற்று, திரையில் படம் போடுவதுதான் பாக்கி. "கம்பனி ஆள் வரும், செய்யும். நீ தொட வேணாம்," என்றார் மாத்தயா. கம்பனி ஆள் வரவில்லை. போன் அடித்தால் நாளைக்கு என்றார்கள்.

அப்போதுதான் எனக்கும் உங்கள் அம்மாவுக்கும் கல்யாணப் பேச்சு தொடங்கியிருந்தது. இந்த நேரம் பார்த்துத்தான் எம்பிலிப்பிட்டியவில் கடை வைத்திருந்த உங்கள் அம்மாவின் அப்பா, அதுதான் உங்கள் தாத்தா, அவரிடமிருந்து செய்தி வந்தது. இரத்தினபுரிக்குப் போய்த் திரும்பும் வழியில் மாப்பிள்ளையின் வேலையை நேரில் பார்க்க வருகிறாராம். மகளும் வேனில் வருகிறாளாம்.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. காகிதம் ஒட்டிய கம்ப்யூட்டரைக் காட்டினால் பெண் கிடைக்குமா? உட்கார்ந்தேன், எழுந்தேன், கதவைச் சாத்தினேன். காகிதங்களைக் கிழித்துப் போட்டேன். திரையில் இருந்த படங்களை எல்லாம் சுருக்கினேன். பழைய டிரையர் படத்தை அப்படியே பிரதி எடுத்துப் பக்கத்தில் வைத்து, 'இரண்டு' என்று பெயர் மாற்றினேன். இரண்டிலும் ஒரே சூடு காட்டியது. ஆகா, அண்ணன் தம்பி மாதிரி என்ன ஒற்றுமை என்று பூரித்துப் போனேன். படத்தின் பெயரை மாற்றினால் போதாது, அதற்குப் பின்னால் உள்ள வயரையும் மாற்ற வேண்டும் என்பது அந்த மண்டைக்கு எட்டவில்லை. புதுப் படமும் பழைய டிரையரின் சூட்டைத்தான் காட்டிக்கொண்டிருந்தது.

அவர்கள் வந்த அன்று, கழுவுவதற்காகப் பழைய டிரையரை நிறுத்தியிருந்தார்கள். (அது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்து என்ன பிரயோசனம்?) அது ஆற ஆற, திரையில் இரண்டு எண்களும் மஞ்சளாகி இறங்கின. நானோ திரையைப் பாதியும் வாசலில் நின்ற உங்கள் அம்மாவை மீதியும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இது என்னங்க தம்பி, மஞ்சளா?" என்றார் தாத்தா.

"ரெண்டாம் டிரையர்ல சூடு பத்தலீங்க. இப்ப பாருங்க." ஜன்னலைத் திறந்தேன். "முனியாண்டி அண்ணே! ரெண்டுக்கு விறகு போடுங்க!"

"போட்டாச்சு தம்பி!"

எண் இன்னும் இறங்கியது.

"இன்னும் போடுங்கண்ணே!"

"அடுப்பு வாய் நெறஞ்சிருச்சு தம்பி!"

"இங்க ஏறவே இல்லண்ணே! தள்ளுங்க உள்ளுக்கு!"

இருந்த இடத்திலிருந்தே அடுப்பை ஆட்டி வைக்கிறேன் என்று தாத்தா வாயைப் பிளந்து பார்த்தார். எனக்குத் தலை கூரையில் முட்டியது. அப்போதுதான் உங்கள் அம்மா முதல் முதலாக என்னிடம் பேசினாள்.

"ஏதோ கருகுற வாசம் வருதுங்க."

ஒரு பெண் முதல் தடவையாகப் பேசும்போது மனுசனாகப் பிறந்தவன் என்ன சொல்ல வேண்டும்? நான் திரையைப் பார்த்துவிட்டு, "கம்ப்யூட்டர்ல ஒன்னும் காட்டலீங்களே," என்றேன்.

சொல்லி வாய் மூடவில்லை, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வெள்ளையாகப் புகை. முனியாண்டி அண்ணன் இருமிக்கொண்டே எரியும் கட்டைகளை வெளியே இழுத்துப் போட்டார். மாத்தயா ஓடி வந்தார். "மொக்கத மே! என்ன மல்லி செஞ்சது?" டிரையரிலிருந்து கரிதான் கொட்டியது. திரையில் அப்போதும் மஞ்சள்.

தாத்தா ஒரு சிட்டிகை எடுத்து, கசக்கி, மோந்து பார்த்தார். "தம்பி, இத நான் கோப்பித் தூள்னு வேணா விக்கலாம்," என்று சொல்லிவிட்டு மகளோடு வேனில் ஏறினார்.

என்னைக் கொழுந்து நிறுக்கும் கொட்டகைக்கு அனுப்பிவிட்டார்கள். கம்பனி ஆள் மறுநாளே வந்தார். தொட்டிகளுக்கு ஒரு பக்கம், டிரையர்களுக்கு ஒரு பக்கம், இனி வரப்போவதற்குக் காலி இடம் என்று பிரித்து வைத்தார். ஒவ்வொரு டிரையரையும் தனியாகச் சூடாக்கி, அதன் எண்தான் ஏறுகிறதா என்று பார்த்த பிறகே எழுந்தார். பிள்ளைகளே, நீங்கள் எந்த வேலைக்குப் போனாலும் இதை மறந்துவிடாதீர்கள்.

கல்யாணப் பேச்சு முறிந்துவிட்டது என்றே நினைத்தேன். கொட்டகையில் தராசையும் ரோட்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு தவித்தேன். ஒரு நாள் தாத்தா தனியாக வந்து இறங்கினார். முகத்தில் கோபமா சிரிப்பா என்று தெரியவில்லை.

"தம்பி, வேணாம்னுதான் நான் சொன்னேன். மக கேக்கல."

"என்னங்க சொன்னாங்க?"

"அவளுக்குச் சமையல் அவ்வளவா வராதாம். அவ்வளவு கருகல் வாசத்துல ஒக்காந்துகிட்டு கம்ப்யூட்டர்ல ஒன்னும் காட்டலன்னு சொன்ன மனுசன், எதக் கருக்கிப் போட்டாலும் கேள்வி கேக்காம திம்பாராம். அதனால இவருதான் வேணுமாம்."

அவள் கணக்கு தப்பவில்லை. இன்றைக்கும் பருப்பு அடிப்பிடித்தால், நீங்கள் மூக்கைச் சுளிக்கும் முன்பே உங்கள் அம்மா என் தட்டில் இரண்டு கரண்டி அள்ளி வைத்து, "கம்ப்யூட்டர்ல ஒன்னும் காட்டல, சாப்பிடுங்க," என்பாள். நானும் சாப்பிட்டுவிடுவேன்.