நான் போட்ட பூஜ்யம்

ஹென்டர்சன், நெவாடா
ஜூலை 9

அன்புள்ள மச்சான் கோர்டனுக்கு,

உன் அக்காள் கணவன் வெண்டல் எழுதிக்கொள்வது. இங்கு நானும் ஃபிலிஸும் நலம். வெயில் நூற்றுப் பதினொன்று. அங்கே நெப்ராஸ்காவில் நீயும் நார்மாவும் உன் வலது முழங்காலும் நலமாக இருக்க வேண்டுகிறேன். முழங்காலை விசாரித்தது மனதாரத்தான். மற்றபடி உன்மேல் எனக்கிருக்கும் கோபம் இந்தக் கடிதம் முடியும்வரை குறையாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அறுபது தாண்டியவர்களுக்கான போக்கர் போட்டியில் நான் ஜெயித்தது உனக்குத் தெரியும். தெரியாதவன் இந்த ஊரில் யாருமில்லை, நான் அப்படிச் சொல்லிவைத்திருக்கிறேன். முப்பத்தோரு வருடம் அடுத்தவர் வீட்டு நீச்சல் குளத்தில் இலை பொறுக்கியவன் நான். பாய்சியிலிருந்து வந்த ஒரு பல் வைத்தியர் தன் முன்னால் இருந்ததையெல்லாம் மேஜை நடுவில் தள்ளியபோது என் கையில் இரண்டு ஒன்பது இருந்தது. மூன்றாவது ஒன்பது வந்து விழுந்தது. தொண்ணூற்றோராயிரத்து நானூறு டாலர். கொலீன் அதே கூடத்தில் வேறொரு மேஜையில் சீட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள். சொந்த அப்பன் ஆடும் மேஜையில் மகள் டீலராக இருக்கக்கூடாது என்பது விதி. தூரத்திலிருந்தே பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்புதான் நான் கடைசியாகப் பார்த்தது.

அதற்குப் பிறகு பணம் கொடுக்கும் ஜன்னலுக்குப் போனேன். மூக்குக் கண்ணாடியைச் சங்கிலியில் மாட்டியிருந்த ஒரு அம்மாள் என் அடையாள அட்டையை வாங்கி, வரிக்காரர்களுக்குப் போகும் படிவத்தை அடித்து, கையெழுத்து வாங்கினாள். பிறகு இன்னொரு தாளை நீட்டி, "டீலர்களுக்கு ஏதாவது விட்டுட்டுப் போறீங்களா சார்?" என்றாள். எனக்குப் பின்னால் எட்டுப் பேர் நின்றார்கள். நான் அறிவு கெட்டுப்போய் உனக்குப் போன் செய்தேன். நீ என்ன சொன்னாய் என்பதை மறந்திருப்பாய், அதனால் எழுதுகிறேன்.

"அத்தான், ஒரு பைசா விடாதீங்க. நீங்க கட்டின நுழைவுக் கட்டணத்துலயே நூத்துக்கு மூணு ஊழியர்களுக்குன்னு பிடிச்சுட்டான். அதுக்கு மேல ஏன்?"

"கொலீன் இங்கதானப்பா வேலை பாக்குறா."

"அதான் சொல்றேன். டிப்ஸ் விட்டா உங்க வரியில கழிக்க முடியாது, நீங்க தொழில்முறை ஆட்டக்காரர் இல்ல. அவ பங்குக்கு அவளும் வரி கட்டணும். ஒரே டாலருக்கு ஒரே குடும்பத்துல ரெண்டு தடவை வரி. கேக்குறவன் சிரிப்பான்."

"சரி, வரி போக மிச்சம் என்னன்னு சொல்லு, அதுல ஒரு பங்கு விடுறேன்."

"மிச்சம் என்னன்னு ஏப்ரல்லதான் தெரியும் அத்தான்."

பின்னால் நின்றவர் தொண்டையைக் கனைத்தார். நான் தாளை வாங்கி, டீலர்களுக்கு என்ற இடத்தில் பூஜ்யம் போட்டேன். அதையாவது சின்னதாகப் போட்டேனா? நீச்சல் குளம் மாதிரி பெரிதாகப் போட்டேன். அந்த அம்மாள் அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், "கொலீனோட அப்பாதானே நீங்க?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

கோர்டன், நீ உருளைக்கிழங்கு விவசாயிகளுக்கு வரிக்கணக்கு எழுதுகிறவன், உனக்கு இது புரியாது. பதினோரு வருடமாக ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டில் கொலீன் எங்களுக்குச் சொல்வதெல்லாம் இந்த ஒரு விஷயம்தான். "இன்னிக்கு ஒருத்தர் நாப்பதாயிரம் ஜெயிச்சாரும்மா, இருதய டாக்டராம், விட்டது ஒண்ணுமில்ல." "இன்னொருத்தர் லாரி ஓட்டுறவர், ஆயிரம் விட்டுட்டு எல்லாருக்கும் கைகொடுத்துட்டுப் போனாரு." டிப்ஸ் எல்லாம் ஒரே உண்டியலில் சேர்ந்து, வேலை பார்த்த மணிக்கணக்கில் எல்லோருக்கும் பிரிகிறது. யார் எவ்வளவு விட்டார்கள் என்பது ஓய்வறைக்கு உடனே வந்து சேர்ந்துவிடும். விடாதவனுக்கு அங்கே ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள், அதை உன் அக்காள் வீட்டில் சொல்ல அனுமதிப்பதில்லை. அந்த இருதய டாக்டரை நானும் சேர்ந்துதான் திட்டினேன். வாயில் உருளைக்கிழங்கோடு திட்டினேன்.

இப்போது இரண்டு ஞாயிறாகக் கொலீன் சாப்பிட வரவில்லை. போன் செய்தால் எடுப்பதில்லை. ஃபிலிஸ் தட்டை வைக்கும் சத்தத்திலேயே எனக்குத் தீர்ப்பு சொல்லிவிடுகிறாள். வாயைத் திறந்து சொன்னது ஒரே ஒரு தடவை. "எம் பொண்ணு அங்க தலைகுனிஞ்சு நிக்கிறா. நீங்க இங்க ஒக்காந்து கறி இன்னும் வேணுங்கிறீங்க." நான் இரண்டாவது துண்டைத் திருப்பி வைத்துவிட்டேன். எனக்கு இருப்பது ஒரே பெண், கோர்டன். அவள் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பாள் என்று நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

அதனால் மூவாயிரம் டாலரை ஒரு உறையில் போட்டு எடுத்துக்கொண்டு திரும்பப் போனேன். அதே அம்மாள். "உங்க கணக்கு அன்னிக்கே முடிஞ்சுது சார், எல்லாம் சரியா இருக்கு, போயிட்டு வாங்க" என்று சிரித்த முகமாகச் சொன்னாள். சரியாக இருக்கிறதாம். சிரிப்பு வேறு. சரி, ஜன்னல் இல்லாவிட்டால் வாசல் என்று டீலர்களின் ஓய்வறைக் கதவுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். ரூபன் என்ற மீசைக்காரன் வெளியே வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கி, "ரொம்ப நன்றி சார், பெரிய மனசு உங்களுக்கு" என்றான். இப்படி மூஞ்சிக்கு நேரே குத்திக்காட்டுகிறவனை நான் பார்த்ததில்லை. உறையை நீட்டினேன், தீயைத் தொட்டவன் மாதிரி பின்வாங்கினான். தனியாகக் கையில் வாங்கினால் வேலை போய்விடுமாம். அவனுக்குப் பின்னால் வந்த ஒரு பெண்ணும் "நன்றி சார்" என்றாள், அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. வரிசையாக வந்து நன்றி சொல்லி அவமானப்படுத்துகிறார்கள். நான்கு பேர் சொல்லி முடித்த பிறகு காவலாளி வந்து, "பெரியவரே, வண்டி எங்க நிறுத்தியிருக்கீங்க?" என்று அன்பாகக் கேட்டு, அதுவரை கூடவே வந்து விட்டுவிட்டுப் போனான். மறுநாள் பணம் வேண்டாம், பண்டமாகவே கொடுப்போம் என்று பன்னிரண்டு பெட்டி டோனட் வாங்கிப் போனேன். வெளிச் சாப்பாடு உள்ளே வரக்கூடாது என்றார்கள். மேலாளரைக் கூப்பிடுங்கள் என்று நின்றேன். அந்த மேலாளர் அம்மாள் வர நாற்பது நிமிடம் ஆனது, அதற்குள் காரில் இருந்த பதினோரு பெட்டியும் உருகி, மேலே தடவிய சர்க்கரைப் பாகு எல்லாம் இருக்கையில் இறங்கிவிட்டது. கையில் இருந்த பன்னிரண்டாவது பெட்டியில் காவலாளி ஒன்று எடுத்துக்கொண்டான். மேலாளரும் நன்றிதான் சொன்னாள். இன்று காலை போனபோது காவலாளி என் பெயரைச் சொல்லியே வரவேற்றான்.

ஆகவே கேட்டுக்கொள். நான் முடிவு செய்துவிட்டேன், இதில் மாற்றமில்லை. வரி எவ்வளவு வந்தாலும் முழுதாகக் கட்டுவேன். ஜெயித்ததில் கழிக்க நீ கேட்ட தோல்விக் கணக்கு இத்துடன் இருக்கிறது. இந்த வருடம் நான் ஆடித் தோற்றது இரண்டாயிரத்து முந்நூற்று நாற்பது, அதுதான் உண்மை, "இன்னும் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க அத்தான்" என்று நீ இழுப்பதெல்லாம் என்னிடம் நடக்காது. டிப்ஸையும் கொடுத்தே தீருவேன். வரியில் கழிய வேண்டாம், எனக்குக் கழிவே வேண்டாம். நாளைக் காலை மூவாயிரம் டாலருக்குக் காசோலை எழுதி, மேலாளர் பெயருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். கூடவே ஒரு கடிதம். அந்தப் பூஜ்யம் என் கையால் போட்டது, ஆனால் என் மச்சான் புத்தியால் போட்டது என்று எழுதி, ஓய்வறையில் எல்லோர் முன்னாலும் உரக்கப் படிக்கச் சொல்லியிருக்கிறேன். உன் முழுப் பெயரும் அதில் இருக்கிறது. திருப்பி அனுப்பினால் மறுபடி அனுப்புவேன். எனக்கு வேறு வேலை இல்லை.

நார்மாவுக்கு என் அன்பைச் சொல். பிள்ளைகள் நோய்நொடியின்றி நன்றாக இருக்கட்டும். உன் முழங்காலும் நீயும் சீக்கிரம் எழுந்து நடமாட ஆண்டவன் அருள் புரியட்டும்.

இப்படிக்கு,
உன் அத்தான்
வெண்டல் ஸ்ட்ரௌட்

பி.கு. மேலே எழுதியது எதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளாதே. இந்தக் கடித உறையை ஒட்டப் போகும்போது கொலீன் வந்துவிட்டாள். கறுப்புச் சட்டை முழுக்க வியர்வை. நின்றபடியே தண்ணீர் குடித்துவிட்டு, "அப்பா, நாளைக்கும் அங்க வந்து நிக்காதீங்க. ஏற்கெனவே டிப்ஸ் விட்ட மனுஷன் ஏன் தினமும் வந்து இன்னும் வாங்கிக்கோன்னு கெஞ்சுறாருன்னு எல்லாரும் என்னைக் கேக்குறாங்க" என்றாள். யார் விட்டது என்று கேட்டேன். அவள் அம்மாவைப் பார்த்தாள். ஃபிலிஸ்தான் மெல்ல மெல்ல விஷயத்தைக் கேட்டு வாங்கினாள். நான் பூஜ்யம் போட்டுவிட்டு வந்த அரை மணி நேரத்தில், கணக்கை மூடுவதற்குள், கொலீன் அந்தக் கண்ணாடிக்கார அம்மாளிடம் சொல்லித் தாளை மாற்றியிருக்கிறாள். தன் காரில் கெட்டுப்போன ஏசியைச் சரிசெய்ய வைத்திருந்த ஆயிரத்து இருநூறு டாலரை என் பெயரில் உண்டியலில் போட்டிருக்கிறாள். இரண்டு ஞாயிறும் அவள் கோபத்தில் இல்லை, அந்தப் பணத்தைத் திரும்பச் சேர்க்கக் கூடுதல் வேலை பார்த்திருக்கிறாள். பங்கு பிரிந்ததில் அவளுக்கு ஒன்பது டாலர் வந்ததாம். அதற்கு அவள் வரி கட்ட வேண்டுமாம்.

"அப்பாவை அவங்க அந்தப் பேரு சொல்லிக் கூப்பிட்டா என்னால கேட்டுட்டு இருக்க முடியாது" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். மூவாயிரம் இருந்த உறையை நீட்டினேன். டீலர்கள் மேஜையை விட்டு எழும்போது எதையும் எடுக்கவில்லை என்று கேமராவுக்கு இரண்டு உள்ளங்கையையும் விரித்துத் திருப்பிக் காட்டுவார்கள். அதையே என்னிடம் காட்டிவிட்டுக் காருக்குப் போய்விட்டாள். ஏசி இல்லாத கார், கண்ணாடியெல்லாம் இறக்கியிருந்தது. அவள் கழுத்தை மறுபக்கம் திருப்பி வண்டியைப் பின்னால் எடுக்கும்போது உறையைப் பின்னிருக்கையில் போட்டுவிட்டேன். இப்போது போன் அடித்துக்கொண்டே இருக்கிறது. எடுங்கள் என்கிறாள் உன் அக்காள். நான் எடுக்கப்போவதில்லை.