குனிந்தது யார்?

துண்டு இன்னும் உடைமாற்றும் அறைத் தரையில் அங்கேயேதான் கிடந்தது.

காலைப் பயிற்சி முடிந்து, நூறு பையன்களும் குளித்து, உடை மாற்றி, அந்தத் துண்டைத் தாண்டி வகுப்புக்குப் போயாகிவிட்டது. முன்வரிசையில் நின்று எதிராளியை முட்டித் தள்ளும் லிண்ட்க்விஸ்ட், ஆளே ஒரு பீரோ அகலம் இருப்பவன், காலை உயரத் தூக்கி வைத்துக் கவனமாகத் தாண்டினான். தாண்டும்போது கூரையைப் பார்த்துக்கொண்டான். வாசல் ஓரம் நின்று உதவிப் பயிற்சியாளர் வெண்டல் ப்ரூயெட் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அது தவறி விழுந்த துண்டு இல்லை. பெண்டன் ஸ்டேட் கல்லூரி அமெரிக்க ஃபுட்பால் அணிக்குப் புதிதாக வந்திருக்கும் தலைமைப் பயிற்சியாளர் கிரேடி ஹோல்ட் காலையில் முதல் ஆளாக வந்து தன் கையால் போட்டது.

"பசங்க நம்ம கலாச்சாரத்தை மனசார ஏத்துக்கிட்டாங்களா, இல்ல என் முன்னாடி சும்மா தலையாட்டுறாங்களா? அதான் எனக்குத் தெரியணும் வெண்டல்," என்று சொல்லியிருந்தார் கிரேடி. "ஏத்துக்கிட்டவன் குனிஞ்சு எடுப்பான். நான் அந்தப் பக்கமே வரமாட்டேன். நீங்க கவனிச்சு எனக்குச் சொல்லுங்க."

'நம் வீடு, நம் கை', அதாவது நம் இடத்தை நாமே பேண வேண்டும் என்பதுதான் கிரேடியின் கலாச்சாரம். உடைமாற்றும் அறைச் சுவரில் புதுப் பெயின்ட் வாசனையோடு எழுதியிருந்தது. அதற்கு அடியில் முந்தைய தலைமைப் பயிற்சியாளரின் 'ஒரே ரத்தம்' லேசாகத் தெரிந்தது. அதற்கும் அடியில், அவருக்கும் முந்தையவரின் 'சுத்தியலாய் இரு'. அந்த மனிதர் நிஜமாகவே ஒரு சம்மட்டியைக் கொண்டுவந்து, ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்னாலும் ஒரு லாரி டயரை அடிக்கச் சொன்னார். அந்த வருஷம் பெரும்பாலும் டயர்தான் ஜெயித்தது.

வெண்டல் எல்லாவற்றையும் நம்பிப் பார்த்தவர். ரத்தத்தை நம்பினார், சம்மட்டியை நம்பினார். நம்பி நம்பி அவருக்கு அலுத்துவிட்டது. ஒவ்வொரு தலைமைப் பயிற்சியாளரும் போகும்போது உதவியாளர்களும் மூட்டை கட்ட வேண்டும், அதுதான் இந்தத் தொழிலின் வழக்கம்; இந்த ஊரில் வெண்டல் மட்டும் எப்படியோ தப்பிக்கொண்டே வந்தார். பழைய கூட்டத்தில் இவரை மட்டும் கிரேடி இன்னும் அனுப்பவில்லை. "பசங்களை உங்களுக்குத்தான் தெரியும். முதல் ஆட்டம் வரைக்கும் இருங்க, அப்புறம் பார்ப்போம்" என்று சொல்லி வைத்திருந்தார்.

வீட்டில் மனைவி லோரெய்ன் அதைவிடத் தெளிவாகச் சொல்லிவிட்டாள்.

"இன்னொரு ஊருக்கு நான் வரமாட்டேன் வெண்டல். நம்ம பொண்ணு பெக்காவுக்கு ஸ்கூல்ல கடைசி வருஷம். நீ வேணும்னா தனியாப் போய் எவனோட கலாச்சாரத்தையாவது தூக்கிச் சும."

"பசங்க முழுசா அவர் பக்கம்னு சொல்லியிருக்கேன். நான் இல்லாம அவரால முடியாதுன்னு அவருக்கே தெரியும்."

"பசங்க அவர் பக்கம்னு பசங்க சொன்னாங்களா?"

வெண்டல் காபியைக் குடித்தார்.

இப்போது அந்தத் துண்டு, தரை விரிப்பில் இருந்த காட்டெருமைச் சின்னத்தின் மூக்கு மேல் கிடந்தது. சின்னத்தை யாரும் மிதிக்கக் கூடாது. தலைமைப் பயிற்சியாளர்கள் நாலு பேர் மாறியும் மாறாத ஒரே கலாச்சாரம் அதுதான். வெண்டல் சுற்றுமுற்றும் பார்த்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு தரையில் இறங்கி, குப்புறப் படுத்து, கையை நீட்டித் துண்டை இழுத்தார். எழுந்திருப்பதற்கு அதைவிட நேரம் ஆயிற்று.

"எடுத்துட்டாங்க கோச்," என்றார் சாயங்காலம் கிரேடியின் அறையில்.

கிரேடி கையில் இருந்த பேனாவை வைத்தார். "அட! யாரு?"

வெண்டல் இதை எதிர்பார்க்கவில்லை. "டேவியன்," என்றார். டேவியன் அவரிடம் ஓட்டம் பழகும் பையன். நல்லவன், எடுத்திருக்கக் கூடியவன்தான். இது பொய் என்றாலும் அநியாயமான பொய் இல்லை என்று நினைத்துக்கொண்டார்.

"டேவியனா?" கிரேடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "ரொம்ப நல்லது. அப்ப நாளைக்குக் கொஞ்சம் கஷ்டமா ஏதாவது வைப்போம்."

மறுநாள் வாழைப்பழத் தோல்களும், கணுக்காலில் சுற்றிக் கழற்றிய ஒட்டு டேப் உருண்டைகளும் கிடந்தன. பையன்கள் வரிசையாகத் தாண்டினார்கள். வெண்டல் வரிசையாகப் பொறுக்கினார். சாயங்காலம் லிண்ட்க்விஸ்டின் பெயரைச் சொன்னார்.

அதற்கடுத்த நாள், மஞ்சள் நிறச் சர்க்கரைப் பானம் ஒரு பெரிய வாளி நிறையக் கவிழ்ந்து கிடந்தது. வெண்டல் துடைப்பத்தைத் தேடி எடுத்துத் துடைத்தார். ஷூவெல்லாம் பிசுபிசுத்து, வீடு வரைக்கும் ஒட்டி ஒட்டி நடந்தார்.

"நீ ஃபுட்பால் சொல்லிக் குடுக்குறியா, இல்ல ஹோட்டல்ல மேஜை துடைக்கிறியா?" என்றாள் லோரெய்ன், அவருடைய காலுறையை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து.

"கலாச்சாரம்," என்றார் வெண்டல்.

"நல்லா ஒட்டுது."

பையன்களைத் தனியாகப் பிடித்துக் கேட்டும் பார்த்தார். டேவியனை மைதானத்து ஓரத்தில் நிறுத்தினார்.

"டேய், கீழ ஏதாவது கிடந்தா எடுக்கணும்னு உனக்குத் தோணாதா?"

டேவியன் தன் ஹெல்மெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "தோணும் கோச்."

"அப்ப ஏண்டா எடுக்கலை?"

"க்ளாசுக்கு நேரமாயிடுச்சு கோச்."

"ஞாயித்துக்கிழமை ஏதுடா க்ளாஸ்?"

அவன் ஹெல்மெட்டைத் தலையில் மாட்டிக்கொண்டு ஓடியே போய்விட்டான். தான் சொல்லாமல் என்றைக்கும் ஓடாத பையன் என்று வெண்டலுக்கு மனசு வலித்தது. இவன்கூட நம்பவில்லை என்றால் இந்த அணியில் யார்தான் நம்புவான்? இன்னும் ஒரு மாதத்தில் பாதிப் பேர் வேறு கல்லூரிக்குத் தாவிவிடுவார்கள். அப்போது கிரேடி யாரைக் கேட்பார்? பசங்களைத் தெரிந்தவரைத்தான் கேட்பார்.

அன்று கிரேடி பெரிய குப்பைத் தொட்டியையே கவிழ்த்து வைத்திருந்தார். வெண்டல் அள்ளி முடித்தபோது முதுகு நிமிரவில்லை. அந்த நிலையில் போய்தான் பெரிய தப்பைச் செய்தார்.

"இன்னிக்கு யாரு?" என்று கேட்டார் கிரேடி.

நல்ல பையன்களின் பெயர்களை எல்லாம் சொல்லித் தீர்த்தாகிவிட்டது. ஒரு சோம்பேறி திருந்தினான் என்று சொன்னால் இன்னும் நன்றாக இருக்குமே என்று வெண்டலுக்குத் தோன்றியது. "ராக்கோ," என்றார். "நம்ப முடியலை இல்ல? ராக்கோவேதான்."

"நம்பத்தான் முடியலை. ராக்கோவுக்கு இன்னிக்குக் காலைல ஆஸ்பத்திரியில குடல்வால் ஆபரேஷன்."

வெண்டல் முதுகைத் தடவிக்கொண்டார்.

"போற வழியில வந்தான்," என்றார் வெண்டல்.

"ஆபரேஷனுக்குப் போற வழியில?"

"வயித்தைப் பிடிச்சுக்கிட்டேதான் அள்ளினான். நான் வேணாம்டான்னு சொன்னேன். கேக்கலை."

கிரேடி வாயைக் கையால் மூடிக்கொண்டார். தோள்கள் குலுங்கின. நெகிழ்ந்துபோய் அழுகிறார் என்று வெண்டல் நினைத்தார். அவருக்கும் கண் கலங்கியது. வெளியே மேஜையில் இருந்த செயலாளர் டோட்டி அம்மாளோ உண்மையாகவே மூக்கைச் சிந்தினாள். அந்த வாரமே சர்ச்சில் பார்த்தவர்களிடம் எல்லாம் கதையைச் சொல்லிவிட்டாள்.

அதன் பலனாக, முதல் ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால், ராக்கோவின் அம்மா சீஸ் அடுக்கிச் சுட்ட ஒரு பெரிய தட்டு லசான்யாவோடு வெண்டலின் வீட்டு வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரச்சொன்னால் வரவில்லை. தட்டை லோரெய்னிடம் கொடுத்துவிட்டு வெண்டலைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

"அவனைப் பத்தி ஒருத்தர்கூட நல்லதாச் சொன்னதில்லை கோச். அவங்கப்பாவே சொன்னதில்லை. நீங்க சொன்னீங்க."

வெண்டல் அவள் தோளை மெதுவாகத் தட்டினார்.

"அவனைக் கேட்டா ஒண்ணுமே சொல்லமாட்டேங்கிறான். சிரிச்சா தையல் வலிக்குதுங்கிறான். அவ்வளவு அடக்கம்!"

அவள் கார் கிளம்பிப் போனதும் லோரெய்ன் தட்டைச் சமையல் மேடையில் வைத்துவிட்டுக் கணவனின் முகத்தைப் பார்த்தாள்.

"அந்தப் பையன் எதையும் எடுக்கலை, இல்ல?"

"ஒருத்தனும் எதையும் எடுக்கலை. எல்லாம் நான்தான்."

லோரெய்ன் கோபப்படுவாள் என்று நினைத்தார். அவள் கோபப்படவில்லை, அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. "சாப்பிடு," என்று மட்டும் சொன்னாள். லசான்யா அருமையாக இருந்தது. வெண்டலால் ஒரு வாய்க்கு மேல் விழுங்க முடியவில்லை.

மறுநாள் போனபோது நடைபாதையை அடைத்துக்கொண்டு இரும்புத் தள்ளுபொறி நின்றது. முட்டும் பயிற்சிக்காக மைதானத்தில் கிடப்பது, சக்கரம் கிடையாது, ஐந்து தடியன்கள் தோள்கொடுத்துத் தள்ளுவது. பையன்கள் பக்கவாட்டில் ஒவ்வொருவராக நசுங்கி நசுங்கிப் போய்க்கொண்டிருந்தார்கள். லிண்ட்க்விஸ்ட் பாதியில் மாட்டிக்கொண்டான். பின்னாலிருந்து நாலு பேர் அவனைத் தள்ளிவிட்டார்கள். பொறியை ஒரு அங்குலம் தள்ளவில்லை.

"டேய், ஒரு கை குடுங்கடா," என்றார் வெண்டல். வெட்கத்தை விட்டுக் கெஞ்சினார். "எனக்காக."

யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. "மன்னிச்சுக்குங்க கோச்," என்றான் டேவியன் தரையைப் பார்த்து.

எல்லோரும் போன பிறகு வெண்டல் தோளைக் கொடுத்து முட்டினார். பொறி நகரவில்லை. இன்னொரு முறை முட்டினார். முதுகில் ஏதோ படக்கென்றது. அப்படியே பொறியின் மெத்தைமேல் சாய்ந்து நின்றார். ரொம்ப வருஷத்து அலுப்பெல்லாம் மொத்தமாக வந்து தோளில் உட்கார்ந்தது. வேலை போனால் போகட்டும், அந்த அம்மாளின் லசான்யாவுக்கு மேல் இன்னொரு பொய்யை வைக்க முடியாது என்று முடிவுசெய்தார்.

ஒரு பக்கமாகச் சாய்ந்தபடியே கிரேடியின் அறைக்குப் போனார். பந்தை உதைக்க மட்டும் மைதானத்துக்கு வரும் ஆஸ்கர் பெல்ட்ரான், கிரேடியிடம் ஏதோ கேட்பதற்காக வாசலில் காத்திருந்தான். வெண்டல் அவனைக் கவனிக்கவில்லை. கதவைக்கூட மூடவில்லை.

"டேவியன் எடுக்கலை. லிண்ட்க்விஸ்ட் எடுக்கலை. ராக்கோ வரவே இல்லை," என்றார். "துண்டுலேர்ந்து குப்பைத் தொட்டி வரைக்கும் எல்லாம் நான்தான் எடுத்தேன். உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன்."

கிரேடி எழுந்து நின்றார். "ஒருத்தன்கூட எடுக்கலையா?"

"ஒருத்தன்கூட எடுக்கலை."

"உங்களுக்கு உதவிக்காவது யாராவது? தெரியாம ஒரு டேப் உருண்டையாவது?"

"கெஞ்சிப் பார்த்துட்டேன் கோச். தொடக்கூட மாட்டேங்கிறாங்க. இந்தக் கலாச்சாரம் அவங்களுக்குள்ள இறங்கவே இல்லை. உண்மை இதுதான்."

கிரேடியின் முகம் மலர்ந்தது. ஆளை வேலையை விட்டு அனுப்பும்போது தலைமைப் பயிற்சியாளர்கள் இப்படித்தான் சிரிப்பார்கள் என்பது வெண்டலுக்குத் தெரியும்.

"பழைய காலேஜ்ல எல்லாரும் எங்கிட்ட நல்லதாவேதான் சொன்னாங்க வெண்டல். கடைசி நாள் வரைக்கும் சொன்னாங்க. அப்புறம் திரும்பிப் பார்த்தா டீம்ல பாதி பேரைக் காணோம்." அவர் கையை நீட்டினார். "ரொம்ப நாள் எடுத்துக்கிட்டீங்க. இருந்தாலும் நீங்களா வந்து சொன்னீங்க. அடுத்த வருஷமும் நீங்க இங்கதான்."

வெண்டலுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "பசங்க உங்களை நம்பலைன்னு சொல்றேன். காதுல விழுதா?"

"நல்லா விழுந்துச்சு," என்றார் கிரேடி. பிறகு வாசல் பக்கம் பார்த்து, "ஆஸ்கர், பசங்ககிட்ட போய்ச் சொல்லு. இனிமே எடுக்கலாம்," என்றார்.

ஆஸ்கர் ஒரு பெரிய மூச்சை விட்டான். போகத் திரும்பியவன், மனசு கேட்காமல் உள்ளே எட்டி வெண்டலைப் பார்த்தான்.

"எதையும் தொடக்கூடாது, உங்ககிட்ட மூச்சுகூட விடக்கூடாதுன்னு இவர் முதல் நாளே சொல்லிட்டாரு கோச், நூறு பேரும் அப்படியே கட்டுப்பட்டுட்டோம்; நீங்க குப்புறப் படுத்து எடுக்கிறதை ஜன்னல் வழியாப் பார்க்கிறப்பதான் எங்களுக்குத் தாங்கலை."