சாசெபோவில் டுகன் தனுக்கி கவர்ந்த படலம்

வாழ்க டுகன்! நெப்ராஸ்காவின் மக்காச்சோளக் காட்டில் பிறந்து, பத்தொன்பது வயதுவரை கடலைக் காலண்டரில் மட்டுமே கண்டு, பின்னர் அக்கடலின் முதுகிலேயே ஆறாண்டு குடியிருந்த ஆர்வில் டுகன் வாழ்க! நங்கூர வடத்தை நாய்ச்சங்கிலிபோல் இழுக்கும் நெடுந்தோளன். இடப்புயத்தில் வெர்னா என்னும் மனைவியின் பெயரையும், வலப்புயத்தில் கழுகு என்று சொல்லிக் குத்தப்பட்டுக் கோழியாக முடிந்துவிட்ட ஒரு பச்சையையும் தாங்கிய வெண்சீருடை வேந்தன். கரையில் கால் வைத்தால் மட்டும் புத்தி கப்பலிலேயே தங்கிவிடும் பெருந்தகை! அவன் புகழைப் பாடப் புகுந்தேன்.

பாட எனக்கு என்ன தகுதி என்பீராயின், ஒன்றுமில்லை. ப்ரேரி லார்க் என்னும் அந்த அமெரிக்கப் போர்க்கப்பலில் ரொட்டி சுட்டவன் அடியேன். கலைமகளைத் துணைக்கு அழைக்கலாம். பசிபிக் கடலைத் தாண்டி அவள் வருவாளோ மாட்டாளோ, அது அவள் இஷ்டம். வராவிட்டால் எனக்குத் தெரிந்த மட்டில் சொல்கிறேன்.

போருக்கு மூலம் யாதெனில் ஓர் ஆணை. முந்தைய துறைமுகத்தில் நம் மறவர் பன்னிருவர், கல்யாண ஊர்வலத்துக்கு நின்ற சாரட்டிலிருந்து குதிரைகளை அவிழ்த்துவிட்டுத் தம்மையே பூட்டிக்கொண்டு நகர்வலம் வந்து, மணமகளின் தகப்பனாரோடு சேர்த்து வண்டியைக் குளத்தில் இறக்கிய திருவிளையாடல் நடந்திருந்தது. அது கேட்டுச் சினந்த எம் கேப்டன், அலைகளும் காது கொடுக்க, ஒலிபெருக்கியில் முழங்கினார்: "இருவராய்ப் போனவர் இருவராய்த் திரும்புக! மாலை ஆறு மணி கடந்து வருபவனும், துணையைத் தொலைத்து வருபவனும் அடுத்த துறைமுகத்தில் கரை மிதியான்! இது என் ஆணை!" அன்றுமுதல் ஒவ்வொருவனுக்கும் ஒரு கரைச்சீட்டும், அந்தச் சீட்டைவிடக் கனமான ஒரு துணைவனும் வழங்கப்பட்டனர். திரும்புகையில் ஏணிப்படி உச்சியிலுள்ள பெட்டியில் சீட்டைப் போடவேண்டும். சீட்டு பெட்டியில் இருந்தால் ஆள் கப்பலில் இருக்கிறான் என்று அர்த்தம்.

நாங்கள் அப்போது நின்றது ஜப்பானின் சாசெபோ. அடுத்த துறைமுகம் எது? கொரியாவின் பூசான். பூசானுக்கு யார் வருகிறாள்? வெர்னா! பள்ளிப் பேருந்து ஓட்டும் வெர்னா. பதினான்கு மாதமாகக் கணவன் முகத்தைக் காணாத வெர்னா. கோடை விடுமுறையில் மூன்று விமானம் மாறி, நான்கே நான்கு நாள் அவனோடு இருக்க உலகைப் பாதி சுற்றி வரும் வெர்னா! அவள் கடிதத்தை டுகன் எங்களுக்கெல்லாம் இத்தனை முறை படித்துக் காட்டியிருந்தான், கப்பலில் இருநூற்றெண்பது பேருக்கும் அது மனப்பாடம். அந்த நான்கு நாளைக் காப்பதற்காகவே அவன் கரைக்குப் போகும்போது ஒழுங்காக இருப்பதாக என் மாவுப்பாத்திரத்தின்மேல் கைவைத்துச் சத்தியம் செய்தான்.

அத்தகையோனுக்கு விதி கொடுத்த துணைவன் லெஸ்டர் பிப்ஸ். கப்பலில் சாது, கரையில் கட்டவிழ்ந்த கன்றுக்குட்டி. நண்பகல் தொடங்கிப் பீர்ப்புட்டிகள் பலவற்றை வீரமரணம் எய்துவித்த பின், ஆடிமாத வெக்கை தீர இருவரும் ஊர்ப் பொதுக் குளியலறை புகுந்தனர். கொதிநீர்த் தொட்டியில் கழுத்தளவு அமிழ்ந்த டுகன் கால்மணி நேரம் கண்ணயர்ந்தான். அந்தக் கால்மணியில் உலகம் கவிழ்ந்துவிட்டது.

விழித்தவன் உடை மாற்றும் அறைக்கு வந்து கண்டதென்ன? பிப்ஸின் கூடையில் பிப்ஸின் வெண்சட்டை இருந்தது, கால்சட்டை இருந்தது, கழுத்துப்பட்டி, தொப்பி, காலணி, கரைச்சீட்டு அனைத்தும் இருந்தன. பிப்ஸ் மட்டும் இல்லை. பக்கத்துக் கூடையிலிருந்த யாரோ ஒருவரின் நீல யுகாதா அங்கியை மாட்டிக்கொண்டு, யாரோ ஒருவரின் மரச்செருப்பில் ஏறி, அவன் காற்றோடு கலந்துவிட்டான். அங்கிக்கு உரியவர், ஓய்வுபெற்ற தபால்காரர், இடுப்பில் ஒரு துண்டோடு நின்று, குற்றம் தம்முடையதுபோல் டுகனுக்கு மூன்று முறை தலைவணங்கினார். டுகனும் திருப்பி வணங்கினான். வேறென்ன செய்வான், பாவம்.

அப்போது மணி நாலே முக்கால். பிப்ஸின் உடையையும் சீட்டையும் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடினான் டுகன்! மீனங்காடி புகுந்தான், சூதாட்டப் பந்துக்கூடம் துழாவினான், பேருந்து நிலையத்தின் வரிசையைக் குலைத்தான், கோயிற்படி நூற்றிருபதும் ஏறிப் பூசகரிடம் விசாரித்து இறங்கினான். வெண்சட்டை கண்ட இடமெல்லாம் பாய்ந்து, இரு பள்ளி ஆசிரியரையும் ஓர் ஐஸ் வண்டிக்காரரையும் பிடரி பற்றித் திருப்பிப் பார்த்து மன்னிப்புக் கேட்டான். மணி ஐந்தரை ஆனபோது அவன் வந்து நின்ற இடம், துறைமுக வீதியில் ஃபுமியே என்னும் மாது நடத்திய நூடுல்ஸ் கடை வாசல்.

அவ்வாசலில் நீலத் துணித்திரை மார்பளவு தொங்கியது. திரைக்குக் கீழே, முக்காலி ஒன்றிலிருந்து, மரச்செருப்பு அணிந்த இரண்டு உரோமக் கால்கள் தொங்கின. டுகன் அவற்றைப் பார்த்தான். யாரோ உள்ளூர்க்காரர் சாப்பிடுகிறார் என்று விட்டுவிட்டான். மாலுமி கண்ணுக்குச் சீருடை இல்லாதவன் மாலுமியே அல்லன். அது எங்கள் குலத்தின் கோளாறு. திரையை ஒரு முழம் தூக்கியிருந்தால் இக்காவியம் இங்கேயே முடிந்திருக்கும். எனக்கும் வேலை மிச்சம்.

அவன் தூக்கவில்லை. ஏனெனில் அவன் பார்வை வேறொருவன்மேல் விழுந்துவிட்டது. திரைக்கு வெளியே, வாடிக்கையாளரை வரவேற்கும் காவல் தெய்வமாய், நாலரை அடி உயரத்தில் நின்றது தனுக்கி: சுடுமண் உடம்பு, நாய்க்கும் நரிக்கும் நடுவிலான முகம், பானைத் தொந்தி, தலையில் வைக்கோல் தொப்பி, கையில் மதுக்குடுவை, என்ன நடந்தாலும் சிரிக்கும் வாய். டுகன் தனுக்கியை நோக்கினான். தனுக்கியும் டுகனை நோக்கிற்று. தொந்தியளவில் பிப்ஸேதான்.

"என்னடா பிப்ஸ், கப்பலுக்கு வர்றியா?" என்றான் டுகன். தனுக்கி மறுக்கவில்லை.

கேளீர்! பகைப்புலம் புகுந்து ஆநிரை கவர்வோர் வெட்சிப் பூச் சூடுவது பண்டை மறவர் வழக்கம். வெட்சிக்குச் சாசெபோவில் எங்கே போவது? வாசல் தொட்டியிலிருந்த ஏதோ ஒரு செடியின் இலை தற்செயலாய் அவன் காதில் செருகிக்கொள்ள, அதையே சூடினான் எம் தலைவன். தனுக்கியைத் தழுவினான், தரையிலிருந்து பெயர்த்தான், பக்கத்துச் சந்தில் கொண்டு சேர்த்தான். அங்கே நடந்த ஒப்பனைப் போர் சாதாரணமானதன்று. சட்டை ஏறிற்று. கழுத்துப்பட்டியில் முடிச்சு விழுந்தது. வைக்கோல் தொப்பி நீங்கி மாலுமித் தொப்பி அமர்ந்தது. ஆனால் கால்சட்டை! தனுக்கியின் அரைக்குக் கீழே சிற்பி காட்டியிருந்த தாராள மனம் இருக்கிறதே, அதைச் சொல்லப் புலவன் நா கூசும். செல்வம் பெருகும் என்று அவ்வூரார் அதை வேண்டுமென்றே பெருக்கி வைப்பது மரபு. பிப்ஸின் கால்சட்டையோ ஒரு சராசரி மனிதனுக்காகத் தைக்கப்பட்டது. முன்னே இழுத்தான், பின்னே இழுத்தான், தரையில் உருண்டான், கடவுளை அழைத்தான். கடைசியில் கால்சட்டையை ஏப்ரன்போல் முன்னால் தொங்கவிட்டு இடுப்பில் கட்டிவிட்டு, தனுக்கியைத் தோளில் சாய்த்துத் தூக்கிக்கொண்டு ஓடினான்.

ஓடும் வழியில் சக மாலுமிகள் இருவர் எதிர்ப்பட்டனர்.

"டேய் டுகன்! பிப்ஸுக்கு என்னடா ஆச்சு?"

"தூங்கிட்டான்டா."

"மூஞ்சி ஏன்டா இப்படி நீண்டுபோச்சு?"

"ஜலதோஷம்!"

"சிரிக்கிறானேடா!"

"நல்ல கனவு. வழிய விடுங்கடா!"

ஐந்து ஐம்பத்தாறுக்கு ஏணிப்படி அடைந்தான். உச்சியில் நின்றவர் சீஃப் ஹார்லன் க்ரோப்: இருபத்திரண்டு ஆண்டு கடல் கண்ட கிழச்சிங்கம். ஆனால் அன்று மாலை மட்டும், நாற்பது வீரர்கள் நாற்பது தோள்களில் மூட்டையாய்த் தொங்கி ஏறுவதைப் பார்த்துப் பார்த்து, முகம் பார்ப்பதையே அவர் கைவிட்டிருந்தார். மேற்கே சாய்ந்த சூரியன் நேரே அவர் கண்ணில் குத்திக்கொண்டிருந்தான். இரண்டு தொப்பி, இரண்டு சீட்டு என்பதே அன்றைய கணக்கு.

"சீட்டு?" என்றார். இரண்டும் பெட்டியில் விழுந்தன.

"சரி, போ. இரு, இரு! கொடிக்கு சல்யூட் யாரு வைப்பா? உங்கப்பனா? பிப்ஸும் வைக்கணும்."

ஐயகோ! கப்பலேறும் எவனும் பின்தளத்துக் கொடியை நோக்கி வணங்காமல் ஏறலாகாது என்பது எம் குலத்தின் முதல் விதி. குடித்தவனும் அதை மறவான். சுடுமண் கை மடங்குமோ? வியர்வை கடலுக்கு இன்னொரு கடலைச் சேர்க்க, டுகன் குனிந்தான். சுமையைக் குடுவைப் பக்கமாய்ச் சரித்தான். தொப்பி சரிந்து, அதன் விளிம்பு வெண்சட்டைக் கையிலிருந்த மதுக்குடுவையைத் தொட்டு நின்றது. சீஃப் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"பரவால்ல, போதையிலயும் நேரா வைக்கிறான். போங்கடா."

வென்றான் டுகன்! வாகை சூடினான்! நான்கு நாளும் மீண்டன, வெர்னா மீண்டாள், பூசான் அவன் காலடியில்! இரும்புத் தளத்தில் கால் வைத்த அந்தக் கணத்தில் அவன் அழுதேவிட்டான். நான் கண்டேன்.

ஆனால், கவர்ந்த நிரையை மீட்கப் பின்தொடர்வோர் சூடும் பூ ஒன்றும் உண்டு. அதன் பெயர் கரந்தை. ஐந்து ஐம்பத்தொன்பதுக்கு, பூ ஏதும் சூடாமல், ஏப்ரன் கட்டிய கோலத்தில், துறைமேடையில் வந்து நின்றாள் ஃபுமியே. அவள் கையைப் பிடித்தபடி, குழந்தைபோல், நீல யுகாதாவில், வாயோரம் வெங்காயத்தாள் ஒட்ட, நின்றான் பிப்ஸ். அம்மாது இடுப்பு முறியக் குனிந்து வணங்கிவிட்டுச் சொன்னாள்:

"சீஃப்-சான், தொந்தரவுக்கு மன்னிக்கணும். உங்க ஆளு ஒருத்தரு என் கடையில இருந்தாரு. என் ஆளு ஒருத்தரு உங்க கப்பல்ல இருக்காரு. மாத்திக்கலாமா?"

சீஃப் பெட்டியைத் திறந்து பார்த்தார். "பிப்ஸ் ஏறியாச்சும்மா. சீட்டு இருக்கு."

"சீஃப், நான்தான் பிப்ஸ்!" என்றான் கீழே நின்றவன்.

"நீ சல்யூட் வச்சதை இந்தக் கண்ணால பாத்தேன்டா!"

"நான் நூடுல்ஸ் சாப்பிட்டுட்டு இருந்தேன் சீஃப்."

சீஃப் மெல்லத் திரும்பினார். டுகனின் தோளில் கிடந்தவனின் தொப்பியை இரு விரலால் தூக்கினார். தனுக்கி அவரைப் பார்த்துச் சிரித்தது. அதே வேளை ஆறு மணிக்கான மணி அடித்தது.

"டுகன்."

"சீஃப்."

"அந்தப் பொண்ணு வருதேடா. மூணு பிளேன் மாறி வருதேடா, முட்டாப் பயலே."

"தெரியும் சீஃப். அதுக்காகத்தான் சீஃப்."

கிழச்சிங்கம் தொப்பியைத் தனுக்கியின் தலையிலேயே திரும்ப வைத்தது. எனினும் எண்பது பேர் கண்ட குற்றத்தை மறைக்க அவரால் ஆகவில்லை. துணையின்றி வந்தான் டுகன். துணையின்றி வந்தான் பிப்ஸ். இருவரும் பூசான் கரை மிதியார் என்று தீர்ப்பாயிற்று. கைதிகள் மாற்றம் முறைப்படி நடந்தேறியது. ஃபுமியே தன் ஆளைத் தள்ளுவண்டியில் ஏற்றி, சட்டையைக் கழற்றி மடித்து மேடையில் வைத்துவிட்டு, கப்பலுக்கு ஒரு முறையும் பிப்ஸுக்கு ஒரு முறையும் வணங்கிச் சென்றாள்.

பத்தாம் நாள். பூசான்! கரையிழந்த வீரர் இருவரும் என் சமையல்தளத்தில், மலையாய்க் குவிந்த உருளைக்கிழங்கு மூட்டைகளின் நடுவே, தோல் உரிக்கும் கத்தியோடு சிறையிருந்தனர். டுகன் மூன்று நாளாக உண்ணவில்லை. என் ரொட்டியைக்கூடத் தொடவில்லை. பத்து மணிக்குக் குடும்பத்தாருக்கான பார்வைநேரம் தொடங்கிற்று. வந்தாள் வெர்னா! படியேறும் ஓசை இடியென, தளமிறங்கும் ஓசை முரசென, பேருந்தில் ஐம்பது பிள்ளைகளை ஒரே பார்வையில் அடக்கும் அந்தக் கண்கள் இரண்டும் கனலென, பதினான்கு மாதத் தவத்தையும் மூன்று விமானத்துக் களைப்பையும் தோளில் சுமந்து, கணவன் எதிரே வந்து நின்றாள். நடந்ததைச் சீஃப் மேலேயே சொல்லியிருந்தார். பிப்ஸ் மாவுமூட்டைக்குப் பின்னே பதுங்கினான், அடுப்புகள் அடங்கின, கரண்டிகள் நடுங்கின, அடியேன் டுகனின் ஆவிக்காக வேண்டிக்கொண்டேன். வெண்முகம் வெளிறி எழுந்த டுகன், கையிலிருந்த கத்தியைக் கீழே போட்டான். வீரர்காள், இனி நிகழ்ந்த பெரும்போரைக் கேட்கும் நெஞ்சுரம் உமக்கு உண்டோ!

வெர்னா அந்தக் கத்தியை எடுத்துக்கொண்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு உரித்தாள்.