அட்டை வாய் திறக்காத சனிக்கிழமை

ஜூலை பதின்மூன்றாம் தேதி, சனிக்கிழமை. காலை ஐந்து பத்துக்கு எழுந்தேன். இரண்டு டம்ளர் வெந்நீர் குடித்தேன். ஐந்தரைக்குப் பால் பாக்கெட் வந்தது. எட்டு இருபதுக்குச் செவிலிமேடு நிறுத்தத்தில் டவுன் பஸ் ஏறினேன், உட்கார இடமில்லை. எட்டு ஐம்பதுக்குப் பல்கலைக்கழகத் திரைப்படக் காப்பகத்தைத் திறந்து, குளிர் அறையின் வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் பதிவேட்டில் எழுதினேன். பிறகு மேசை இழுப்பறையைத் திறந்து, மூன்று வாரமாக அங்கே கிடக்கும் டார்ச் லைட் இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது. அதன் சொந்தக்காரர் அன்று மாலை இரண்டு மணி நேரம் வாய் திறக்காமல் இருக்க வேண்டும். இருப்பார் என்று நம்ப எனக்கு ஒரு காரணமும் இல்லை.

காஞ்சிபுரத்தில் சினிமாவை முகம் பார்க்காமல் பார்த்த ஒரே மனிதர் அட்டைதான். கதாநாயகி அழுதாலும் சிரித்தாலும் அவருக்கு ஒன்றுதான். அவர் பார்ப்பது அவள் கட்டியிருக்கும் சேலையை. அதிலும் கரையை.

பிள்ளையார்பாளையத்தில் அவர் தொழில், தறிக்கு அட்டை அடிப்பது. சேலையில் மயில் வர வேண்டுமா, அன்னம் வர வேண்டுமா என்பதைத் தறிக்குச் சொல்வது அந்தத் துளை போட்ட அட்டைகள்தான். வரிசையாகக் கோத்துத் தறியின் தலையில் ஏற்றுவார்கள். வரிசை ஒன்று மாறினால் மயிலுக்கு வால் கழுத்தில் முளைக்கும். அதனால் ஊர் அவரை அட்டை என்றது. வேறு பெயர் இருந்ததாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. என்னை அவர் 'நோட்டு சார்' என்பார், நான் எப்போதும் எதையாவது எழுதிக்கொண்டிருப்பதால்.

எங்கள் காப்பகத்தில் பழைய படச்சுருள்கள் இருக்கின்றன. மூடிப்போன கொட்டகைகளிலிருந்தும், பரணில் வைத்து மறந்துபோன குடும்பங்களிலிருந்தும் வந்தவை. காப்பகத்துக்குப் பொறுப்பான பேராசிரியை, ஆறு ஆண்டுகளுக்கு முன் ஒரு முடிவெடுத்தார். பெட்டிக்குள் பூட்டிவைத்த படம் யாருக்கும் உதவாது. சனிக்கிழமை தோறும் மாலை நான்கு மணிக்குக் கருத்தரங்க அறையில் போடுவோம், ஊரில் யார் வேண்டுமானாலும் வரலாம் என்றார். முதல் சனிக்கிழமை பதினொரு பேர் வந்தார்கள். பதினோராவது ஆள் அட்டை.

கையில் கட்டம் போட்ட நோட்டு, காதில் பென்சில், இடுப்பில் டார்ச் லைட். படம் தொடங்கி ஆறாவது நிமிடம் எழுந்து நின்றார்.

"நிறுத்துப்பா."

படம் போட்ட உதவியாளர், ஏதோ தீப்பிடித்துவிட்டது என்று நினைத்து நிறுத்திவிட்டார். அட்டை திரைக்கு அருகே போய், உறைந்து நின்ற கதாநாயகியின் இடுப்பளவில் டார்ச் அடித்து, கரையை எண்ணிக் கட்டங்களில் புள்ளி வைத்தார். பிறகு திரும்பி, "இப்போ ஓட்டு" என்றார். அன்று இரண்டேகால் மணி நேரப் படம் மூன்று மணி நாற்பது நிமிடம் ஓடியது. குறித்து வைத்திருக்கிறேன்.

அடுத்த வாரங்களில் நாற்காலிகள் போதவில்லை. வந்தவர்களில் பாதிப் பேர் அட்டையைப் பார்க்க வந்தவர்கள். கறுப்பு வெள்ளைப் படத்தில் சேலையின் நிறத்தை அவர் கண்டுபிடித்துச் சொல்வார். "அரக்கு" என்பார். பின்வரிசையிலிருந்து, "அதெல்லாம் இல்ல, கத்தரிப்பூ" என்று ஒரு குரல் வரும். கை தூக்கி ஓட்டெடுப்பு நடக்கும். ஓட்டு எப்படி விழுந்தாலும் அட்டை தன் நோட்டில் அரக்கு என்றே எழுதிக்கொள்வார்.

ஆண்கள் மட்டும் தோன்றும் காட்சிகளில் தூங்கிவிடுவார். "வேட்டியில என்னாபா இருக்குது பாக்கிறதுக்கு?" என்பது அவர் நியாயம். ஒருமுறை முழுக்க முழுக்கப் போர்வீரர்கள் வரும் படம். இரண்டு மணி நேரம் குறட்டை விட்டு, விளக்குப் போட்டதும் எழுந்து, "நல்ல படம், ஒடம்பு வலியெல்லாம் போச்சு" என்று பேராசிரியைக்கு நன்றி சொன்னார். இன்னொரு நாள் பேராசிரியை, காமிரா எங்கே நிற்கிறது, ஏன் அங்கே நிற்கிறது என்று அரைமணி நேரம் அருமையாக விளக்கினார். சந்தேகம் உண்டா என்று கேட்டதும் அட்டை எழுந்தார்.

"அந்தக் காமிராக்காரன் ஏம்மா மூஞ்சியவே காட்டிக்கினு இருக்கிறான்? கால்கிட்ட எறக்கினா கரை தெரியும்ல?"

பேராசிரியை அதற்குத் தன்னிடம் பதில் இல்லை என்று ஒப்புக்கொண்டார். நேர்மையானவர்.

இந்த நிலையில்தான் பல்கலைக்கழகத்துக்குப் புதிய பதிவாளர் வந்தார். நேரம் தவறாதவர், சட்டைப்பையில் இரண்டு பேனா வைத்திருப்பவர். உண்மையைச் சொன்னால் எனக்கு அவரைப் பிடித்திருந்தது. ஆனால் யாரோ அவருக்குக் கடிதம் எழுதிவிட்டார்கள்: பல்கலைக்கழக அரங்கம் சந்தைக்கடை ஆகிவிட்டது, ஒரு ஆள் டார்ச் அடித்துப் படத்தை நிறுத்துகிறார் என்று. ஜூலை பதின்மூன்று அன்று தாமே வந்து உட்கார்ந்து பார்ப்பதாகவும், ஒழுங்கு இல்லையென்றால் ஊர்க்காரர்களுக்கான திரையிடல் அன்றோடு நிறுத்தப்படும் என்றும் பதிவாளர் எழுதினார். டார்ச் லைட் உடனே என் இழுப்பறைக்கு வந்தது. கதவில் ஒட்ட ஓர் அறிவிப்பும் எழுதினேன்: திரையிடலின்போது பேசக் கூடாது, எழுந்து நிற்கக் கூடாது, படத்தை நிறுத்தச் சொல்லக் கூடாது. மூன்றாவது விதியை ஒரே ஒரு ஆளுக்காக எழுதினேன்.

வெள்ளிக்கிழமை மாலை அட்டையின் வீட்டுக்கே போனேன். தரையில் உட்கார்ந்து அட்டைகளைக் கோத்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு ஒரு நாள் மட்டும் பேசாம இருக்கணும்" என்றேன்.

"என்னா படம்?"

"பேரே தெரியல. தலைப்பு இருந்த துண்டு போயிடுச்சு. நாலு ரீல்தான் கிடைச்சுது."

"பேரில்லாட்டி போவுது. பொம்பளைங்க இருக்கிறாங்களா?"

"நெசவுக்காரர் வீட்டுப் பொண்ணு ஒருத்தியோட கதை."

அவர் கை நின்றது. "அந்தப் படத்துக்கா பேசக்கூடாதுன்ற?"

"நீங்க பேசினா சனிக்கிழமைப் படமே நின்னுடும். ஊர்ல ஒருத்தரும் உள்ள வர முடியாது."

நான்கு அட்டைகளைக் கோத்து முடித்தார்.

"நான் ஒருத்தன் வாய மூடினா ஊரே பாக்கலாம்."

"ஆமாம்."

"மூடிக்கிறேன். ஆனா நோட்டு சார், படம் முடிஞ்சதும் என் பேட்டரி லைட்டு என் கைக்கு வந்துடணும்."

கொடுத்துவிடுவதாக வாக்களித்தேன்.

அந்தப் படத்தைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். பெட்டிகளில் எண் இல்லை. ஒலி கெட்டுப்போய், பேச்சு பாதிக்குமேல் கேட்காது. முதல் ரீலும் கடைசி ரீலும் எவை என்பது தெளிவு. நடு இரண்டில் எது முன், எது பின் என்று முடிவு செய்தவன் நான். ஒன்றில் கதாநாயகி சிரித்த முகமாக வளைய வருகிறாள். மற்றதில் சேலை நுனியைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள். நம் படங்களில் அழுகை ஏறிக்கொண்டேதான் போகும் என்பதால் அழுகையை மூன்றாவதாக வைத்தேன். நான்காவதில் அவள் மீண்டும் சிரிப்பது மட்டும் இடித்தது. பதிவேட்டில், 'சிரிப்புக்குக் காரணம் தெரியவில்லை' என்று எழுதி அடிக்கோடிட்டேன்.

சனிக்கிழமை மூன்று நாற்பதுக்கு அட்டை வந்தார். வாய் நிறைய வெற்றிலை. பேச நினைத்தாலும் பேச முடியாதபடி ஏற்பாடு செய்துகொண்டு வந்திருந்தார். மூன்றாவது வரிசை ஓரத்தில் உட்கார்ந்து, என்னைப் பார்த்துக் கன்னத்தைத் தொட்டுக் காட்டினார். பதிவாளர் முதல் வரிசையில். சரியாக நான்கு மணிக்கு விளக்கு அணைந்தது.

முதல் சேலை திரையில் வந்ததும் அரங்கம் முழுவதும் அட்டை பக்கம் திரும்பியது. அவர் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு நேரே பார்த்தார். ஒரு சத்தம் இல்லை. இரண்டாவது ரீலில் வழக்கமாக நிறம் சொல்லும் பின்வரிசைகூட மூச்சு விடவில்லை. அப்படி ஓர் ஒழுங்கை அந்த அரங்கம் கண்டதில்லை. பதிவாளர் இரண்டு முறை தலையசைத்தார். நானும் திருப்தியாக இருந்தேன்.

மூன்றாவது ரீல் ஓடிப் பத்து நிமிடம் இருக்கும். அட்டை எழுந்தார். அவர் பேசவில்லை. குனிந்தபடி நடந்து வெளியே போய்விட்டார். ஆறு ஆண்டில் அவர் பாதிப் படத்தில் எழுந்து போனதே இல்லை. பெண்கள் திரையில் இருக்கும்போது கண் இமைத்தால்கூட வருத்தப்படுகிற மனிதர். பின்னாலேயே போனேன்.

படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். வெற்றிலையைத் துப்பியிருந்தார்.

"ஒடம்பு சரியில்லையா?"

"உள்ளதானே பேசக்கூடாது. வெளிய பேசலாம்ல?"

"பேசுங்க."

"உன் ரீலு மாறிக்கிது."

"எப்படிச் சொல்றீங்க?"

"இப்போ ஓடுதே, இதுல அவ சேலை முந்தானையப் பாரு. தறியிலேர்ந்து அறுத்தெடுத்த மாதிரியே நூலு தொங்கிக்கினு இருக்குது. இதுக்கு முந்தி போட்டியே, அதுல அதே சேலை, முடிச்சுப் போட்டுக் குஞ்சம் கட்டிக்கிது. கட்டின குஞ்சத்த எவளாவது அவுப்பாளா?"

எனக்கும் கொஞ்சம் படப்பிடிப்பு விவரம் தெரியும். "சினிமாவை வரிசையா எடுக்க மாட்டாங்க. பின்னாடி வர்றத முன்னாடியே எடுப்பாங்க. அதனால இருக்கலாம்" என்றேன்.

அட்டை என்னை இரக்கத்தோடு பார்த்தார். "அவ அழுவுறான்னு பின்னாடி வெச்சிட்டியே, கையப் பாத்தியா? உக்காந்து முடிச்சு போட்டுக்கினு இருக்கிறா சார். ஊருக்கெல்லாம் நெய்ஞ்ச வீட்டுப் பொண்ணுக்கு மொத மொதல்ல கட்டிக்க ஒரு பட்டு. அதுல குஞ்சம் போட்டுக்கினே அழுவுறா. அந்த அழுவைய முன்னாடி வெச்சாத்தான் சிரிப்பு வரும்."

நான் அந்த ரீலை ஒன்பது முறை பார்த்திருக்கிறேன். ஒன்பது முறையும் அவள் முகத்தைத்தான் பார்த்தேன்.

"ஏன் உள்ளயே சொல்லல?"

"வாய மூடிக்கிறேன்னு உன்கிட்ட சொன்னேன்ல?" என்றார். "அதான் பாக்க முடியாம வெளிய வந்துட்டேன்."

உள்ளே போனேன். பேசாமல் இருந்துவிட்டால், திரையிடல் தொடரலாம் என்று பதிவாளர் கையெழுத்துப் போடுவார், சனிக்கிழமைகள் பிழைக்கும், என் பதிவேட்டின் தவறு யாருக்கும் தெரியாது. அந்தப் பெண் மட்டும் காரணமில்லாமல் சிரித்துக்கொண்டிருப்பாள். நான் எழுதி ஒட்டிய அறிவிப்பின் மூன்று விதிகளையும் ஒரே மூச்சில் மீறினேன். நடுவில் நின்று, "படத்தை நிறுத்துங்க" என்றேன்.

பதிவாளர் திரும்பினார். "நீங்களா?"

"ரீல் வரிசை தப்பு சார். இது இரண்டாவதா வரணும்."

"வரிசை வைத்தது யார்?"

"நான்தான்."

"தப்பென்று யார் சொன்னது?"

வாசலில் நின்ற அட்டையைக் காட்டினேன். ஆனால் பதில் நான்காவது வரிசையில் இருந்த ஓர் அம்மாளிடமிருந்து வந்தது. "நாங்களுந்தான் பாத்தோம் சார். முந்தானை நூலு தொங்குதே."

"அப்போதே சொல்லக் கூடாதா அம்மா?"

"பேசக்கூடாதுன்னு கதவுல எழுதி ஒட்டிக்கிறாங்களே" என்றார் அவர். அரங்கம் முழுவதும் ஆமாம் என்றது. எழுபது பேர் தவறைப் பார்த்துக்கொண்டு, என் கையெழுத்துக்கு மரியாதை கொடுத்து, வாய் மூடி உட்கார்ந்திருந்திருக்கிறார்கள்.

பதிவாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பேனாவை எடுத்து, பிறகு அதைத் திரும்பப் பைக்குள் வைத்தார். "சரியான வரிசையில், முதலிலிருந்து போடுங்கள்" என்றார்.

போட்டோம். அவள் தொங்கும் நூல்களை ஒவ்வொரு கொத்தாக எடுத்து முறுக்கி முடிச்சுப் போட்டாள், அழுதாள். அடுத்த ரீலில் அதே குஞ்சம் ஆட ஆட நடந்தாள். கடைசியில் அவள் சிரித்தபோது நான்காவது வரிசை அம்மாள் மூக்கை உறிஞ்சியது கேட்டது. அந்தச் சிரிப்பு ஓடிக்கொண்டிருக்கும்போதுதான், இருட்டில், யாரிடம் என்றில்லாமல் பதிவாளர் கேட்டார்.

"அந்தப் புடவை என்ன நிறமாக இருக்கும்?"

அட்டை என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன்.

"நிறுத்துப்பா" என்றார் அட்டை.

அரக்கு என்றார். பின்வரிசை கத்தரிப்பூ என்றது. ஓட்டெடுப்பில் பதிவாளர் எதற்குக் கை தூக்கினார் என்பதைப் பதிவேட்டில் எழுதவில்லை. அது அவருடைய சொந்த விஷயம். படம் ஏழு நாற்பதுக்கு முடிந்தது. பதிவாளர் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே என்னிடம், "அடுத்த சனிக்கிழமை என்ன படம்?" என்று கேட்டுவிட்டுப் போனார். கதவிலிருந்த அறிவிப்பை நானே கிழித்தேன்.

அந்தக் கூட்டத்தில் அட்டையின் டார்ச் லைட்டைக் கொடுக்க மறந்துவிட்டேன். அவரும் கேட்க மறந்து, பதிவாளருக்கு நடந்தபடியே கரை விளக்கிக்கொண்டு போய்விட்டார். வீட்டுக்கு எடுத்து வந்து அழுத்திப் பார்த்தேன். தீக்குச்சி அளவுதான் வெளிச்சம் வந்தது. இதை வைத்துக்கொண்டா ஆறு ஆண்டு கரை எண்ணினார் என்று நினைத்தேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஐந்து பத்துக்கு எழுந்தேன். வெந்நீர் குடிப்பதற்கு முன், சுவர்க் கடிகாரத்துக்கென்று வாங்கி வைத்திருந்த புது பேட்டரி இரண்டையும் எடுத்து அட்டையின் டார்ச் லைட்டில் போட்டேன்.